பால் மறக்குமட்டும்

மஞ்சக்குப்பம்,
கடலூர்.

அன்புள்ள தம்பிக்கு,

அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் கர்த்தருடைய கிருபையால் சுகம். நீயும் மருமகளும் பாப்பாவும் சுகமாயிருக்க தினமும் ஜெபிக்கிறோம்.

போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று கேட்பாய். போனில் நீ "சரிம்மா, சரிம்மா" என்றே வைத்துவிடுகிறாய். பின்னால் பாப்பா சத்தம் கேட்டுவிட்டால் எனக்கும் சொல்ல வந்தது போய்விடுகிறது. இதை மருமகளிடமும் படிக்கக் கொடு. அவளுக்குத் தெரியாமல் சொல்ல வேண்டியது இதில் ஒன்றும் இல்லை.

கம்போடியாவிலிருந்து நீ அனுப்பின ஜெபக் கடிதம் போன ஞாயிறு ஆராதனை முடிகிற நேரத்துக்கு வந்து சேர்ந்தது. பெண்கள் ஐக்கிய சங்கத்து குரூப், வாலிபர் குரூப், அப்பாவுடைய ரிட்டயர்டு வாத்தியார்கள் குரூப் என்று மத்தியானத்துக்குள் ஊரையே சுற்றிவிட்டது. பாப்பா டப்பில் உட்கார்ந்து குளிக்கிற படம், அதற்குக் கீழே "எங்கள் குட்டி மிஷனரி." மகனையாவது மகளையாவது என்னிலும் அதிகமாய் நேசிக்கிறவன் எனக்குப் பாத்திரன் அல்ல என்கிற வசனம் வேறு. பிரசவமாகி இரண்டாம் மாதமே மருமகள் பிள்ளையைத் துணியில் கட்டிக்கொண்டு உன் பைக்கில் கிராமம் கிராமமாக வந்ததைச் சாட்சியாக எழுதியிருந்தாய். எல்லாரும் என் கையைப் பிடித்துக்கொண்டு சந்தோஷப்பட்டார்கள். எனக்குத்தான் அது இறங்கவில்லை.

ஐந்து மாதப் பிள்ளைக்கு அழைப்பு ஏதுடா? அழைப்பு உனக்கு வந்தது. மருமகள் உன்னோடு சேர்ந்து ஜெபித்து, யோசித்து, ஒத்துக்கொண்டு வந்தாள். பாப்பாவை யாரும் கேட்கவில்லை. அவள் உங்கள் வீட்டில் பிறந்த பிள்ளை, அவ்வளவுதான். காணிக்கை கொடுக்கிறவர்களுக்குக் காட்டுகிற படமாக அவளை ஆக்காதே. அதுவும் துணியில்லாத படம், ஊர் பெயரோடு, யார் யார் போனிலோ போய்க் கிடக்கிறது. அதை முதலில் எடு.

வசனத்துக்கு வருகிறேன். நீ வேதாகமக் கல்லூரியில் படித்தவன், நான் நர்ஸாக ஊசி போட்டுப் பிழைத்தவள். ஆனாலும் சாமுவேல் முதலாம் புத்தகம் நானும் படித்திருக்கிறேன். அன்னாளைப் பற்றிப் பிரசங்கம் பண்ணுகிற எல்லாரும் அவள் அழுததையும் பிள்ளையைக் கொண்டுபோய் ஆலயத்தில் விட்டதையும் சொல்வார்கள். நடுவில் இருக்கிற இரண்டு மூன்று வசனத்தை ஒருவரும் தொடுவதில்லை. அவள் புருஷன் எல்க்கானா வருஷாந்தர பலி செலுத்த வீட்டாரோடு புறப்படுகிறான். அன்னாள் வரமாட்டேன் என்கிறாள், பிள்ளை பால் மறக்கட்டும், அப்புறம் வருகிறேன் என்கிறாள். அதற்கு அந்த மனுஷன் என்ன சொன்னான்? உன் இஷ்டப்படி செய், பால் மறக்கப்பண்ணுமட்டும் இரு என்றான். ஆண்டவருக்குப் பலி செலுத்துவதைவிடப் பெரிய ஊழியம் அந்தக் காலத்தில் எது? அதற்கே அவளை இழுத்துக்கொண்டு போகவில்லை. பிள்ளையோ கர்த்தருக்கென்று நேர்ந்துகொண்ட பிள்ளை. அப்படியும் போகவில்லை.

நீ எல்க்கானாவாக இரு, போதும். அடுத்த ஜெபக் கடிதத்தில், மருமகளுடைய ஊழியம் இப்போது பாப்பாவுக்குப் பால் கொடுப்பதும் தூங்குவதும் என்று எழுது. பிடி அரிசி எடுத்து வைத்துக் காணிக்கை சேர்க்கிறவர்கள் நம் சபைப் பெண்கள்தான். ஆளுக்கு மூன்று நாலு பெற்றவர்கள், அவர்களுக்குப் புரியாதா? புரியாத ஆம்பிளைகள் யாராவது கணக்குக் கேட்டால் நான் பேசிக்கொள்கிறேன்.

அப்பாவுக்கு உன்னை நினைத்து ஒரே பெருமை. சரித்திர வாத்தியார் இல்லையா, பார்க்கிறவர்களிடமெல்லாம் ஆரம்பித்துவிடுகிறார். 1733இல் தரங்கம்பாடியில் குருப்பட்டம் பெற்ற ஆரோன் ஐயர் நம்ம கடலூர்க்காரர். 1740இல் கீர்நாண்டர் என்கிற மிஷனரி இங்கே வந்தார். 1758இல் பிரெஞ்சுக்காரன் ஊரைப் பிடித்ததும் கல்கத்தாவுக்குப் போனார். இப்போது என் மகன் கம்போடியாவில். நானும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன். அந்தக் கதையில் பெண்டாட்டி பிள்ளை என்று ஒருத்தரும் வருவதில்லை.

இங்கிலாந்திலிருந்து வங்காளத்துக்கு வந்த மிஷனரி வில்லியம் கேரி பெயரில் ஞாயிறு பள்ளியில் நீ பரிசு வாங்கினாய், ஞாபகமிருக்கும். 1793இல் அவர் கப்பல் ஏறும்போது அவர் மனைவி டாரதி பிள்ளை பெற்று இரண்டு மாதம்கூட ஆகவில்லை. முதலில் வரமாட்டேன் என்றாள், தங்கை கூட வந்தால் வருகிறேன் என்று புறப்பட்டாள். வந்த மறு வருஷமே ஐந்து வயதுப் பையன் பீட்டர் வங்காளத்தில் சீதபேதியில் செத்துப்போனான். அதற்கப்புறம் அவளுக்குப் புத்தி திரும்பவே இல்லை. 1801இல் வங்காளி மொழியில் கேரியின் புதிய ஏற்பாடு அச்சாகிறது, அவள் வீட்டுக்குள்ளே அந்த நிலையிலேயே கிடக்கிறாள். 1807இல் செத்தாள். கேரியை நான் குறை சொல்லவில்லை. உனக்குக் கொடுத்த பரிசுப் புத்தகத்தில் டாரதியைப் பற்றி எத்தனை வரி இருந்தது என்று மட்டும் யோசி.

நம் வீட்டுக் கதை ஒன்று, உனக்குச் சொன்னதில்லை. என் பாட்டி மேல்பட்டாம்பாக்கத்தில் டேனிஷ் மிஷன் பங்களாவில் ஆயா வேலை பார்த்தவள். துரைசானிக்கு ஒரு பையன். கைப்பிள்ளையிலிருந்து பாட்டியின் இடுப்பில்தான் வளர்ந்தான். அடுப்பங்கரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, பழையதில் வெங்காயத்தைக் கடித்துக்கொண்டு, வேலைக்காரர்கள் பேசுகிற தமிழைப் பேசுவானாம். கெட்ட வார்த்தையும் சேர்த்துத்தான். துரை வீட்டில் இருக்கிற நாள் குறைவு, கூடாரம் அடித்துக் கிராமம் சுற்றுகிறவர். துரைசானிக்குப் பள்ளிக்கூடம், போர்டிங் பெண்கள். ஏழு வயதில் கோடைக்கானல் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பினார்கள். மிஷனரி பிள்ளைகளுக்கென்றே 1901இல் ஆரம்பித்த பள்ளிக்கூடம் அது. வண்டி ஏறும்போது அவன் பாட்டியின் முந்தானையைப் பிடித்துக்கொண்டு விடவில்லையாம். துரைசானி பக்கத்தில்தான் நின்றாள், அவள் பக்கம் திரும்பவேயில்லை. பாட்டி இதைச் சொல்லும்போது அவளுக்கு அதில் ஒரு பெருமை இருக்கும். எனக்குச் சின்ன வயதில் அந்தப் பெருமை மட்டும்தான் கேட்டது. பாப்பா பிறந்த பிறகு அந்தத் துரைசானியைத்தான் நினைக்கிறேன்.

அதற்காகப் பாப்பாவை யாரிடமும் கொடுக்காதே என்று சொல்லவில்லை. பக்கத்து வீட்டு யேய், அவர்கள் பாஷையில் பாட்டி, பாப்பாவைத் தூக்கிக்கொண்டு ஊஞ்சல் படுக்கையில் ஆட்டுகிற வீடியோ பார்த்தேன். முதலில் வயிறு எரிந்தது, மறைப்பானேன். அப்புறம் அந்த அம்மா பிள்ளையின் கழுத்துக்குக் கை கொடுத்த விதத்தைப் பார்த்தேன். பழகின கை. கொடு, நன்றாகக் கொடு. அந்த ஊர் கெமர் மொழி பேசி வளரட்டும். வீட்டுக்குள் நீங்கள் இரண்டு பேரும் தமிழிலேயே பேசுங்கள், இங்கிலீஷை நடுவில் கொண்டுவர வேண்டாம், அது தானாக வரும். ஆனால் தூங்கவைக்கிற நேரமும் குளிப்பாட்டுகிற நேரமும் உங்கள் இரண்டு பேரில் ஒருத்தர் கையில் இருக்கட்டும். நீ உட்பட. குளிப்பாட்டத் தெரியாது என்று சொல்லாதே, போனில் சொல்லிக் கொடுக்கிறேன்.

இனி நர்ஸம்மா பேசுகிறாள்.

உங்கள் ஊர் பட்டம்பாங் வயல்காடு என்றாய், பன்றி வளர்க்கிற வீடுகளும் உண்டு என்றாய். நம் மாவட்டத்தில் விருத்தாசலம் பக்கம் மூளைக்காய்ச்சல் வந்த பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன். பிழைத்த பிள்ளையையும் பார்த்திருக்கிறேன், அது இன்னும் கஷ்டம். வயல் தண்ணீரில் உண்டாகிற கொசு, பன்றியிலிருந்து கொண்டுவருகிறது. 6, 10, 14 வாரத்து ஊசிகள் முடிந்தது என்றாய். 9 மாதத்தில் தட்டம்மை ஊசி போடும்போது ஜப்பானிய மூளைக்காய்ச்சல் ஊசியையும் கேட்டு வாங்கிப் போடு. ஊழியப் பயணம் இருக்கிறது, அடுத்த மாதம் பார்க்கலாம் என்று தள்ளாதே.

டெங்குக் கொசு பகலில் கடிக்கிறது. அதனால் பகல் தூக்கத்துக்கும் வலை வேண்டும். அங்கே மே மாதமே மழை பிடித்துவிடும் என்கிறாய். இங்கே ஐப்பசி கார்த்திகையில் நாங்கள் படுகிற பாட்டை நீங்கள் ஆனி ஆடியில் படுவீர்கள். காய்ச்சல் வந்தால் பாரசிட்டமால் சொட்டு மருந்து மட்டும், அதுவும் எடைக்குத் தக்கபடி டாக்டர் சொல்கிற அளவு. வேறு காய்ச்சல் மருந்து எதையும் கடையில் வாங்காதே. காய்ச்சல் விட்டுவிட்டது என்று நிம்மதியாக உட்காருகிற நேரம்தான் டெங்குவில் ஆபத்து. அப்போது பிள்ளை துவண்டு கிடந்தாலோ, ஓயாமல் வாந்தி எடுத்தாலோ, பால் குடிக்க மறுத்தாலோ, ஜெபித்துக்கொண்டே வண்டி ஏறு. ஜெபித்து முடித்துவிட்டு ஏறலாம் என்று இருக்காதே. சியெம் ரியாப்பில் காந்தா போப்பா என்று பிள்ளைகளுக்கான ஆஸ்பத்திரி இருக்கிறது, காசு வாங்குவதில்லை. உங்கள் ஊரிலிருந்து அங்கே போக ராத்திரி வண்டிக்காரர் யார் என்று இப்போதே பேசி வைத்துக்கொள்.

ஆறு மாதம் முடிகிற வரை தாய்ப்பால் மட்டும், தண்ணீர்கூட வேண்டாம். அப்புறம் அவர்கள் ஊர் அரிசிக் கஞ்சியே போதும், பபோர் என்றாயே, அதுதான். பூசணிக்காய், முள் எடுத்த மீன் எல்லாம் மசித்துப் போடு. ஒரு வயது வரை உப்பு, சர்க்கரை, தேன் கிடையாது. ஆசீர்வாதம் என்று யாராவது நாக்கில் தேன் தடவ வந்தால் சிரித்துக்கொண்டே பிள்ளையைத் திருப்பிக்கொள். சம்பந்தியம்மா பார்சலில் வசம்பு வைத்திருக்கிறார்கள். அவர்களிடம் நான் ஒன்றும் சொல்லவில்லை. உரைத்து ஊற்ற வேண்டாம், கையில் கட்டவும் வேண்டாம், எல்லாம் வாய்க்குத்தான் போகும். கிடைத்தது என்று மட்டும் அவர்களிடம் சொல்லிவிடு. மருமகளுக்குப் பால் போதவில்லை என்று தோன்றினால் பூண்டு சேர்த்துக்கொள்ளட்டும், மீனுக்கு அங்கே பஞ்சமில்லை. இங்கே கடலூர் ஓ.டி.யில், அதுதான் பழைய டவுனில், பால்சுறா பார்க்கும்போதெல்லாம் அவள் ஞாபகம்தான். புட்டு பண்ணி அனுப்ப முடிகிற தூரமா இது?

தூதரக விஷயம். வெளிநாட்டில் பிறந்த பிள்ளையை ஒரு வருஷத்துக்குள் இந்தியத் தூதரகத்தில் பதிவு செய்ய வேண்டும், வேறு நாட்டு பாஸ்போர்ட் இல்லை என்று எழுதிக் கொடுக்க வேண்டும். அது தாண்டினால் டெல்லி வரைக்கும் அனுமதி கேட்டு அலைய வேண்டும். நோம்பென் உங்களுக்கு 300 கிலோமீட்டர். மழைக்கு முன்னால் போய் முடித்துவிடு.

ஞானஸ்நானம் பற்றி அப்பாவும் நானும் பேசினோம். உனக்குக் கொடுத்த அதே தொட்டியில், நம் ஆலயத்தில்தான் என்று அப்பாவுக்கு ஆசை. சபையிலும் கேட்கிறார்கள். எனக்கும் ஆசை இல்லாமல் இல்லை. ஆனால் பாப்பாவோடு தினமும் இருக்கப்போகிற சபை அதுதான். அங்கேயே கொடுங்கள். ஞானத் தாய் தகப்பனாக அந்த ஊர் விசுவாசிகள் யாராவது நிற்கட்டும். நாங்கள் வீடியோவில் பார்க்கிறோம். அப்பா ஒரு வாரம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு இருப்பார், சரியாகிவிடும்.

பயணத்துக்கு நான் துணி எடுத்து வைத்துவிட்டேன் என்று அப்பா சொல்லியிருப்பார். பொய் இல்லை. ஆனால் முதலில் சம்பந்தியம்மா வரட்டும். தலைப்பிரசவம் அவர்கள் வீட்டில் நடந்திருக்க வேண்டியது. பாண்டிச்சேரியில் அறை எல்லாம் வெள்ளையடித்து வைத்திருந்தார்கள். மகள் வரவில்லை என்றதும் வெளியே ஒரு வார்த்தை பேசவில்லை. மருமகளுக்கும் இப்போது வேண்டியது மாமியார் இல்லை, அம்மா. விசா ஒரு மாதத்துக்குத்தான் கொடுக்கிறார்களாம். அந்த மாதம் முழுவதும் நீ வெளியூர்க் கூட்டம் எதுவும் ஒத்துக்கொள்ளாதே, இருந்து அவர்களைக் கவனி. நான் அவர்கள் திரும்பின பிறகு வருகிறேன்.

பாப்பாவின் எடையை எழுது, எடுத்த தேதியோடு. ஊசிக் கார்டை இரண்டு பக்கமும் போட்டோ பிடித்து எனக்கு மட்டும் அனுப்பு, குரூப்பில் போடாதே.

அன்புடன்,
அம்மா