இன்ச் டேப்போடு ஷோரூமுக்குப் போனேன்

அல்சூர், பெங்களூரு
ஞாயிறு மத்தியானம்

அன்புள்ள கண்ணா,

"கார் எதுக்கும்மா, கேப் டாக்ஸி போதும்" என்று நீ அனுப்பிய நாலு நிமிட வாய்ஸ் மெசேஜை இரண்டு தடவை கேட்டேன். அப்பாவுக்கும் போட்டுக் காட்டினேன். "பாம்பேல வாசலுக்கு வாசல் லோக்கல் ட்ரெயின் ஓடுது, அவனுக்கு என்ன தெரியும்" என்று சொல்லிவிட்டுப் பேப்பரை விரித்துக்கொண்டார். ஆனால் நீ சொன்னதில் பாதி சரிதான். எந்தப் பாதி என்று போனில் சொல்ல ஆரம்பித்தால் குறுக்கே பேசுவாய். அதனால்தான் எழுதுகிறேன்.

கணக்கிலிருந்து தொடங்குகிறேன். முப்பத்தொரு வருஷம் கரும்பலகையில் வட்டிக்கணக்குப் போட்டவளிடம் போய் "கேப் சீப்மா" என்கிறாயே, அதை நான் பார்க்காமல் இருப்பேனா? போன ஆறு மாதத்தில் எங்கெங்கே போனோம் என்று டைரியைப் புரட்டிக் கூட்டினேன். மாதம் இரண்டு தடவை ஓசூருக்கு ஆயாவைப் பார்க்க. அப்பாவின் பிசியோதெரபி. கே.ஆர். மார்க்கெட், கல்யாணம், காதுகுத்து. மாதத்துக்கு 400 கிலோமீட்டர், வருஷத்துக்கு 4,800. நம் ஊர் நெரிசலில் சின்ன வண்டி லிட்டருக்கு 15 கொடுத்தாலே பெரிய விஷயம். விளம்பரத்தில் 24, 25 என்று போடுகிறார்கள், அது சோதனைக் கூடத்தில். ஆக, வருஷத்துக்கு 320 லிட்டர், ஏறத்தாழ 33,000 ரூபாய். இன்ஷூரன்ஸ், சர்வீஸ் சேர்த்து ஒரு 20,000. வண்டி ஆன்ரோடு, வரியெல்லாம் சேர்த்து, ஏழே கால் லட்சம் என்று வை. எட்டு வருஷம் கழித்து இரண்டே கால் லட்சத்துக்கு விற்றால் வருஷத்துக்கு 62,500 தேய்மானம். அந்த ஏழே கால் லட்சம் டெபாசிட்டிலேயே கிடந்தால் ஆறரை வட்டியில் 47,000 வந்திருக்கும், அதையும் சேர். எல்லாம் கூட்டி 4,800-ஆல் வகுத்தால் கிலோமீட்டருக்கு 34 ரூபாய் வருகிறது. 2025 ஆகஸ்ட்டில் ஏற்றிய பிறகும் ஆட்டோ மீட்டர் 18 ரூபாய்தான். (மீட்டர் போடுகிற ஆட்டோ கிடைத்தால்.)

கணக்கில் நீ ஜெயித்துவிட்டாய். இந்தத் தாளைக் கிழித்து வைத்துக்கொள், உன் பெண்டாட்டியிடம் காட்டு.

இப்போது ஓசூர். அல்சூரில் மெட்ரோ ஏறி மெஜஸ்டிக், அங்கே பச்சை லைனுக்கு மாறி ஆர்.வி. ரோடு, அங்கிருந்து மஞ்சள் லைனில் பொம்மசந்திரா. மஞ்சள் லைன் வந்த புதிதில் நான்கூடக் குதித்தேன், இனி சில்க் போர்டு ஜங்ஷன் நெரிசல் தொல்லை இல்லை என்று. நான் தனியாகப் போனால் இப்போதும் அதுதான். ஆனால் முட்டி ஆபரேஷன் ஆன அப்பாவை இரண்டு இடத்தில் மாற்றி, பொம்மசந்திராவில் இறக்கி, மறுபடி ஓசூர் பஸ்ஸில் ஏற்ற முடியாது. கேப்பில் போனால் போவது சுலபம். திரும்பும்போது தமிழ்நாடு பார்டரைத் தாண்டி வரவே மாட்டேன் என்கிறார்கள், வந்தாலும் சாயங்காலம் ஆக ஆக ரேட் எகிறும். அதனால் நாலு மணிக்கே நான் எழுந்து செருப்பைத் தேடுவேன். ஆயா என்ன கேட்பாள் தெரியுமா? "வண்டிக்காரன் வந்துட்டானா?" வேறொன்றும் கேட்பதில்லை. போன மாதம் அவள் எனக்காக ராகிக் களி கிண்டிக்கொண்டிருந்தாள், 84 வயசில், ஸ்டூலில் உட்கார்ந்து. களி இறங்குவதற்குள் கேப் வந்து ஹாரன் அடித்தான். டிபன் பாக்ஸில் போட்டுக் கொடுத்தாள். வீட்டுக்கு வந்து திறந்தபோது கல்லாகியிருந்தது. அந்த 34 ரூபாயில் இதையும் எங்கேயாவது எழுத வேண்டும், எந்த வரியில் எழுதுவது என்றுதான் தெரியவில்லை.

"இந்த வயசில் எதுக்கும்மா" என்றாய். அதற்கும் சொல்கிறேன். 57 வயசில் லைசென்ஸ் எடுத்தேன். முதல் டெஸ்ட்டில் ரிவர்ஸ் எடுக்கும்போது கம்பத்தைத் தொட்டு ஃபெயில், இரண்டாவதில் பாஸ். 55 தாண்டியவர்களுக்கு ஐந்து வருஷத்துக்குத்தான் கொடுப்பார்கள், பிறகு டாக்டர் சர்டிஃபிகேட்டோடு போய்ப் புதுப்பிக்க வேண்டும். புது வண்டியின் ஆர்.சி. என்கிற பதிவுச் சான்றோ 15 வருஷத்துக்கு. எனக்கு அஞ்சு, அதுக்குப் பதினஞ்சா என்று நானே சிரித்துக்கொண்டேன். உன் மாமாவின் பழைய ஆல்டோவில் ஓசூர் ரிங் ரோட்டில் ஒரு வருஷம் ஓட்டிப் பழகியிருக்கிறேன். மாமாவுக்கு உயிர் போய் உயிர் வந்தது, வண்டிக்கு ஒரு கீறல் இல்லை.

பழைய வண்டி வாங்கலாமே என்பது உன் இன்னொரு யோசனை. அதுவும் பார்த்தாயிற்று. பானஸ்வாடி பக்கம் ஒருவரிடம் 2019 மாடல், ஒரே ஓனர், பளபளவென்று இருந்தது. எனக்கு டிரைவிங் சொல்லிக்கொடுத்தவர் ஒன்று சொல்லியிருந்தார்: பானட்டைத் திறந்து பார்க்காதீங்க மேடம், சீட் பெல்ட்டைக் கடைசி வரைக்கும் இழுத்துப் பாருங்க. இழுத்தேன். மேலே கறுப்பாக இருந்த பட்டை உள்ளே போகப் போகச் செம்மண் நிறம். ஒரு கோடு போட்ட மாதிரி தண்ணீர் நின்ற அடையாளம். டிக்கியில் ஸ்டெப்னியைத் தூக்கினால் அடியில் காய்ந்த சேறு, விரலால் சுரண்டினால் பொடியாக வருகிறது. 2022 செப்டம்பரில் அவுட்டர் ரிங் ரோட்டில் வீடுகளுக்குள் படகு போனதே, அந்த வெள்ளத்தில் குளித்த வண்டியாக இருக்கலாம். அவரிடம் கேட்டேன். "வாட்டர் வாஷ் மேடம்" என்றார். எல்லாப் பழைய வண்டியும் அப்படி இல்லை, தெரியும். ஆனால் சின்ன கார்களுக்கு ஜிஎஸ்டியை 2025 செப்டம்பரில் 18 சதவீதமாகக் குறைத்த பிறகு புதுசுக்கும் நாலு வருஷப் பழசுக்கும் இடைவெளி சுருங்கிவிட்டது. எனக்கு எஞ்சின் சத்தம் கேட்டு வியாதி சொல்லத் தெரியாது. அதனால் புதுசு.

அடுத்தது நீ ஆசை காட்டினாயே, "நான் இஎம்ஐ கட்டறேன், குட்டி எஸ்யூவியா எடும்மா" என்று. ஒன்பது லட்சம் கடன், ஒன்பது சதவீதம், ஏழு வருஷம் என்று போட்டுப் பார்த்தேன். மாதம் 14,480 ரூபாய். கட்டி முடிக்கும்போது மூன்று லட்சத்துக்கு மேல் வட்டி மட்டும். உன் வீட்டு வாடகை எனக்குத் தெரியும் ராஜா. அதைவிடப் பெரிய விஷயம், நம் கேட். நேற்று அளந்தேன். தூணுக்குத் தூண் ஆறடி நாலு அங்குலம், அதாவது 1,930 மில்லிமீட்டர். நீ சொன்ன பிரெஸ்ஸா 1,790 அகலம். பக்கத்துக்கு நாலு விரல்கூட மிஞ்சாது. சந்தில் திருப்பும்போது எதிர்வீட்டு ஸ்கூட்டர்கள் வேறு. நீளம் நாலு மீட்டருக்குள், பெட்ரோல் எஞ்சின் 1,200 சிசிக்குள் இருந்தால் அரசாங்கத்துக்கு அது சின்ன வண்டி, வரி குறைவு. நம் சந்துக்கு அந்தச் சட்டமெல்லாம் தெரியாது.

அதனால் கடைசியில் இரண்டு வண்டிதான் மிஞ்சியது. டியாகோ, வேகன் ஆர்.

அப்பா ஆபரேஷன் முடிந்து வந்த நாளிலிருந்து நாங்கள் ஒன்று கவனித்தோம். ஹாலில் இருக்கிற மர நாற்காலியிலிருந்து அவர் கைப்பிடிக்காமல் எழுந்துவிடுவார். சோபாவில் உட்கார்ந்தால் நான் இழுக்க வேண்டும். அந்த நாற்காலியின் உயரம் 21 அங்குலம். தையல் டப்பாவிலிருந்து இன்ச் டேப்பை எடுத்துக் கைப்பையில் போட்டுக்கொண்டு இரண்டு ஷோரூமுக்கும் போனேன். டச் ஸ்க்ரீனைக் காட்ட ஆர்வமாக வந்த பையன், நான் தரையில் டேப்பை வைத்து சீட் வரைக்கும் அளப்பதைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டான். "ஏனு மேடம், டைலரா?" என்றான். வேகன் ஆர் சீட் கிட்டத்தட்ட நாற்காலி உயரத்துக்கே வந்தது. அப்பா உட்கார்ந்தார், எழுந்தார், மறுபடி உட்கார்ந்தார். கூரையும் உயரம், தலை குனிய வேண்டாம். டியாகோவில் உட்காருவது சுகம்தான், கதவு சாத்தினால் கனமாக ஒரு சத்தம், அவருக்கு அதில் மயக்கம். ஆனால் எழும்போது முகம் சுளித்தார். "இல்லையே" என்று இப்போது சாதிக்கிறார். நான் பார்த்தேன்.

நீ கேட்க வருவது தெரியும், பாதுகாப்பு ஸ்டார். 2023-ல் குளோபல் என்கேப் என்கிற அமைப்பு மோதிப் பார்த்ததில் வேகன் ஆருக்கு ஐந்துக்கு ஒரே ஒரு ஸ்டார். டியாகோவுக்கு 2020-லேயே நாலு. இதை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை, இரண்டு ராத்திரி இதிலேயே போனது. 2025-ல் வேகன் ஆரில் எல்லா மாடலுக்கும் ஆறு ஏர்பேக் கொடுத்துவிட்டார்கள். ஆனால் ஏர்பேக் வேறு, வண்டிக் கூட்டின் பலம் வேறு என்று எனக்கும் தெரியும். என் ஓட்டம் பெரும்பாலும் நாற்பதைத் தாண்டாத ஊர் ரோடு. ஓசூர் ரோட்டில்தான் வேகம், அங்கே இடது ஓரமாக அறுபதில் போவேன், பின்னால் ஹாரன் அடிப்பவன் அடிக்கட்டும். போகிற ஒவ்வொரு தடவையும் ஏறி இறங்கும் முட்டி ஒரு பக்கம், வராமலே போகக்கூடிய மோதல் ஒரு பக்கம். முட்டி பக்கம் சாய்ந்திருக்கிறேன். தப்பாகவும் இருக்கலாம்.

கியர் விஷயத்தில் சந்தேகமே இல்லை, தானே கியர் மாற்றிக்கொள்ளும் ஏஎம்டி. க்ளச் மிதிக்கிற வேலையை அதுவே பார்த்துக்கொள்கிறது. கியர் மாறும்போது லேசாகத் தலையாட்டுகிறது, பரதநாட்டியம் கற்கிற பிள்ளை மாதிரி. பழகிவிடும்.

ஷோரூமில் கொடுத்த கொட்டேஷனைப் பார்த்தாயானால் சிரிப்பாய். வண்டி விலை ஆறு லட்சத்தைச் சுற்றி. நம் கர்நாடகாவில் அந்த விலைக்கு ரோடு டாக்ஸ் 14 சதவீதம், அதன் மேல் செஸ். அது போகட்டும், தப்ப முடியாது. கீழே "எசென்ஷியல் கிட்" என்று ஒரு வரி, மிதியடியும் மட்கார்டும். ஹேண்ட்லிங் சார்ஜ் என்று இன்னொன்று. இரண்டையும் சிவப்புப் பேனாவால் அடித்தேன், பழக்க தோஷம். இன்ஷூரன்ஸும் அவர்களிடமே எடுக்க வேண்டும் என்றார்கள். மூணு வருஷ தேர்ட் பார்ட்டி கட்டாயம், ஆனால் யாரிடம் எடுப்பது என்பது என் இஷ்டம் என்றேன். மேனேஜர் வந்தார், காபி வந்தது, ஹேண்ட்லிங் சார்ஜ் போனது. கிட் இன்னும் தொங்குகிறது.

பணம் என் கிராஜுவிட்டி டெபாசிட்டிலிருந்து. கடன் இல்லை, உன் இஎம்ஐயும் வேண்டாம். உனக்கு வருத்தமாக இருந்தால் ஃபாஸ்டேக்கில் மாதாமாதம் கொஞ்சம் போட்டு விடு. எலிவேட்டட் ரோட்டிலும் அத்திப்பள்ளியிலும் சுங்கம் பிடுங்குகிறான்.

தை பிறந்து எடுக்கச் சொல்கிறாள் ஆயா. புது வருஷ வண்டியாக எடுத்தால் எனக்கும் அதில் லாபம்தான், ஆனால் ஷோரூம்காரன் டிசம்பரில் தயாரான வண்டியைத் தலையில் கட்டிவிடுவான், விற்கும்போது ஒரு வயசு கூடிப்போகும். சேசிஸ் நம்பரில் மாதமும் வருஷமும் பார்த்துத்தான் கையெழுத்து என்று சொல்லிவிட்டேன்.

நாளைக்கு வெல்டர் வருகிறார், கேட்டை உள்பக்கம் திறக்கிற மாதிரி மாற்ற. ராத்திரி கூப்பிடு. அப்பா போன் எடுத்தால் கார் பேச்சை எடுக்காதே. அவர் இன்னும் டியாகோ பக்கம்தான் இருக்கிறார்.

அன்புடன்,
அம்மா