ஒரு டம்ளர் தண்ணீர்

குலசேகரம்,
நவம்பர் 10

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுகிறேன். போனில் பேசினால் போதாதா என்று நினைப்பாய். போனில் நான் ஒரு பேச்சை எடுத்தால் உடனே குழந்தை அழுகிறது என்கிறாய்; அடுத்த நிமிஷம் போன் அம்மா கைக்குப் போய்விடுகிறது. கடிதம் என்றால் நீ கடைசி வரை படிப்பாய். குழந்தைக்குக் காய்ச்சல் என்று செவ்வாய்க்கிழமை சொன்னாயாமே, இப்போது எப்படி இருக்கிறாள்?

இங்கே மழை விடவில்லை. பத்து நாளாக ரப்பர் வெட்டு இல்லை. மேல்விளையில் குலை தள்ளிய மட்டி வாழை இரண்டு சாய்ந்துவிட்டன. அம்மாவின் முழங்கால் வலி பழையபடிதான்.

நம் லூத்தரன் சபையில் சீர்திருத்தத் திருநாள் ஆராதனை நன்றாக நடந்தது. சிறு பிள்ளைகள் வரிசையாக நின்று, லூதர் கேள்வி பதிலாக எழுதிய ஞானோபதேசத்தை ஒப்புவித்தார்கள். என் சொந்த அறிவாலும் பலத்தாலும் நான் இயேசுவிடம் வந்து சேரவில்லை, பரிசுத்த ஆவியானவரே என்னை அழைத்தார் என்று விசுவாசப்பிரமாணத்தின் மூன்றாம் பகுதி விளக்கத்தில் வருமே, அந்த இடத்தில் ஒரு பெண்பிள்ளை தடுமாறி நின்றுவிட்டாள். நீ ஒரு நாளும் தடுமாறியதில்லை. ஒன்பது வயதில் பத்துக் கற்பனைகள் தொடங்கித் திருவிருந்து வரை ஒரே மூச்சில் சொல்லி முடித்தாய். உபதேசியார் பேத்தி அல்லவா என்று சபைப் போதகர் ஐயர் சொன்னபோது எனக்குக் கால் தரையில் பாவவில்லை. அந்தப் பிள்ளைக்கு நான்தான் பெஞ்சில் இருந்தபடியே அடுத்த வார்த்தையை எடுத்துக் கொடுத்தேன். அப்போது உன் முகம்தான் நினைவில் இருந்தது.

அந்த வார்த்தைகளை நீ மறந்திருக்கமாட்டாய். ஆனாலும் சொல்கிறேன். நம்முடைய விசுவாசம் முழுவதும் அதில் இருக்கிறது. “கிருபையினாலே விசுவாசத்தைக்கொண்டு இரட்சிக்கப்பட்டீர்கள்; இது உங்களால் உண்டானதல்ல, இது தேவனுடைய ஈவு.” 1517இல் விட்டன்பெர்க்கில் லூதர் 95 வாசகங்களை எழுதியது பாவமன்னிப்புச் சீட்டு விற்பனையை எதிர்த்துத்தான். கடவுள் சும்மா தருவதற்கு மனிதன் விலை வைக்கக் கூடாது என்று அவர் நின்றார். இன்று அந்தச் சீட்டு இல்லை. ஆனால் உணர்ச்சி பொங்கினால்தான் விசுவாசம், அந்நியபாஷை பேசினால்தான் பரிசுத்த ஆவியின் அபிஷேகம் என்று சில சபைகளில் வேறு விதமாக விலை கேட்கிறார்கள். கேட்பவர்களைப் பழிக்கவில்லை. அவர்களிலும் நல்லவர்கள் இருக்கிறார்கள். நீ விலை கொடுக்க வேண்டியதில்லை என்றுதான் சொல்கிறேன்.

தரங்கம்பாடிக்கு உன்னைக் கூட்டிப்போனது ஞாபகம் இருக்கிறதா? எட்டாம் வகுப்பு முழுப்பரீட்சை லீவு. கோட்டைப் பக்கம் கடற்கரையில் நின்றுகொண்டு, இவ்வளவு தூரம் எதற்கப்பா வந்தார்கள் என்று கேட்டாய். ஜெர்மன் மிஷனரி சீகன்பால்க் 1706இல் வந்து இறங்கினார். சிறு பிள்ளைகளோடு உட்கார்ந்து மணலில் எழுதித் தமிழ் படித்தார். 1715இல் தமிழில் புதிய ஏற்பாட்டை அச்சில் கொடுத்துவிட்டு 36 வயதில் செத்துப்போனார் என்று தேதி தேதியாக ஒப்பித்தேன். நீ கேட்டது அதையல்ல. எனக்கு அன்று பதில் தெரியவில்லை. உபதேசியாராக இருந்த பாட்டாவை நினைத்தால் இப்போது கொஞ்சம் தெரிகிறது.

நம் நாடு திருவிதாங்கூராக இருந்த காலம் அது. 1924இல் நாகர்கோவிலில் கன்கார்டியா செமினரி என்ற இறையியல் பள்ளி தொடங்கியது. பாட்டா படித்தது அங்கேதான். படித்துவிட்டு அவர் போய் நின்றது ஒரு ஓலைக்கூரையின் கீழ். காலையில் பிள்ளைகளுக்கு எழுத்து, சாயங்காலம் வீடுகளில் ஜெபம், ராத்திரி யார் வீட்டிலாவது நோயாளிக்குக் காவல். மிஷன் என்று அவர் சொன்னது இதைத்தான். எத்தனை பேரைச் சேர்த்தாய் என்று யாராவது கேட்டால், சேர்க்கிறவர் நான் இல்லையே என்பார். இன்றும் அம்மா அடுப்பில் உலை வைக்கும் முன் ஒரு பிடி அரிசி கலயத்தில் போடுகிறாள். மாதக் கடைசியில் அது மூன்று வீடுகளுக்குப் போகிறது. அதில் ஒரு வீடு, மரத்திலிருந்து விழுந்து இடுப்பொடிந்து கிடப்பவருடையது. அவர் நம் சபை இல்லை, நம் வேதமும் இல்லை. அரிசி போய்க்கொண்டிருக்கிறது.

நீ அனுப்பும் பணம் வருகிறது. உன்னைப் போல் பெற்றவர்களைப் பார்க்கிற பிள்ளை இந்த ஊரில் இல்லை. ஆனால் பணத்தோடு ஒரு வார்த்தை வருவதில்லை.

அம்மா குழந்தைக்கு ஞானஸ்நானத்துக்கு வெள்ளை உடுப்பு தைத்து வைத்திருக்கிறாள். மூன்று மாதத்தில் தைத்தது. ஆறு மாதத்தில் பிரித்து அகலமாக்கினாள். இப்போது ஒன்பதாகிறது, மறுபடி பிரிக்கட்டுமா என்று என்னிடம் கேட்கிறாள். நான் என்ன சொல்ல? சித்தி மகள் போனில் ஒரு படம் காட்டினாள். அதைப் பற்றி நான் ஒன்றும் கேட்கப்போவதில்லை. உன் தலைமுடி நனைந்திருந்தது, சளி பிடிக்குமே என்றுதான் முதலில் தோன்றியது. அம்மாவுக்கு அந்தப் படம் தெரியாது.

ஞானஸ்நானம் முழுக்கா தெளிப்பா என்று சண்டை பிடிக்க நான் வரவில்லை. 1519இல் செய்த பிரசங்கத்தில் லூதரே தண்ணீரில் முழுக்குவதுதான் பொருத்தமான அடையாளம் என்கிறார். என் மனது அடித்துக்கொள்வது வேறு ஒன்றுக்காக. நீ ஏழாம் மாதம் பிறந்தாய். கண் திறக்கவில்லை. விடியும்வரை தாங்காது என்று டாக்டர் சொன்னார். ஐயரைக் கூப்பிட நேரமில்லை. பாட்டி என்னை ஒதுக்கிவிட்டு, மேசை மேல் இருந்த எவர்சில்வர் டம்ளரை எடுத்து, திரியேக தேவனின் நாமத்தில் மூன்று முறை உன் தலையில் தண்ணீர் விட்டாள். அவள் கை நடுங்கவில்லை, மக்களே. விடிந்தது. நீ அழுதாய். அந்த டம்ளர் இன்னும் அலமாரியில் இருக்கிறது.

அந்த ராத்திரி நீ என்ன முடிவெடுத்தாய், என்ன அறிக்கை செய்தாய்? ஒன்றுமில்லை. அதனால்தான் அதைக் கிருபை என்கிறோம். லூதர் பிறந்தது 1483இல் இதே நவம்பர் 10. மறுநாளே ஞானஸ்நானம். புனித மார்ட்டின் திருநாள் என்பதால் மார்ட்டின் என்று பேர் வைத்தார்கள். ஒரு நாள் வயதில் தலையில் பட்ட தண்ணீரைத்தான் அவர் சாகும்வரை பிடித்துக்கொண்டிருந்தார். பாவமும் மனசாட்சியும் நெருக்கும்போது, ஆனாலும் நான் ஞானஸ்நானம் பெற்றவன் என்று சொல்லச் சொல்லிப் பெரிய ஞானோபதேசத்தில் எழுதினார். கடவுள் ஒருமுறை கொடுத்த வாக்கு பழசாகிப் போகுமா? பாட்டி விட்ட தண்ணீர் போதவில்லை என்று உன்னிடம் யார் சொன்னது?

இப்படி எழுதிவிட்டு வெகுநேரம் பேனாவை மூடி வைத்திருந்தேன். யார் சொன்னது என்று கேட்க எனக்கு வாய் இல்லை. நான்தான் சொல்லியிருக்கிறேன்.

உன் திடப்படுத்தல் நாள், விசுவாசத்தைச் சபை முன் அறிக்கையிட்டுத் திருவிருந்தில் சேரும் நாள். பதினான்கு வயது. முதல் திருவிருந்துக்கு நீ முழங்கால்படியிட்டாய், பக்கத்தில் அம்மா. நான் வெளியே புளியமரத்தடியில் நின்றேன். சபைக் கமிட்டித் தேர்தலில் பெரியப்பா மகன் அண்ணனோடு தகராறு. அவர் முழங்கால்படியிடும் இடத்தில் நான் முழங்கால்படியிட மாட்டேன் என்று மூன்று வருஷம் ஒதுங்கியிருந்தேன். நீ எழுந்து திரும்பி, ஜன்னல் வழியாக என்னைப் பார்த்தாய். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். வரும் வழியில் ஏன் வரவில்லை என்று கேட்டாய். தலைவலி என்றேன். பொய்.

சிறிய ஞானோபதேசத்தை 1529இல் லூதர் எழுதியபோது, குடும்பத் தலைவன் தன் வீட்டாருக்கு எளிமையாகச் சொல்லிக்கொடுக்க வேண்டியது என்று ஒவ்வொரு பகுதிக்கும் தலைப்பில் போட்டார். நான் உனக்குச் சொல்லிக்கொடுத்தேன். ஒரு வார்த்தை பிசகினால் திரும்பச் சொல்ல வைத்தேன். உங்களுக்காக என்ற வார்த்தையை நம்புகிறவனே இந்தப் பந்திக்குப் பாத்திரவான் என்று அதில் இருக்கிறது. அதை உன் வாயில் போட்டுவிட்டு, அண்ணன் பாத்திரவானா என்று பார்த்துக்கொண்டு நான் மரத்தடியில் நின்றேன். சுவிசேஷம் சுத்தமாகப் போதிக்கப்பட்டு, திருவிருந்தும் ஞானஸ்நானமும் முறையாகக் கொடுக்கப்படும் இடமே சபை என்று நம் லூத்தரன் விசுவாச அறிக்கையான 1530இன் ஆக்ஸ்பர்க் அறிக்கையில் இருப்பதும் எனக்குத் தெரியும். கமிட்டியைப் பற்றி அதில் ஒன்றும் இல்லை. இந்தச் சபையில் எல்லாம் வெறும் மனப்பாடம் என்று நீ அன்று நினைத்திருந்தால், நினைக்க வைத்தவன் நான்.

பாட்டி இறந்தபோது அவள் பெட்டியைத் தூக்க அண்ணன் கூப்பிடாமலே வந்தார். அடுத்த ஞாயிறு நான் உள்ளே போனேன். உன்னிடம் மட்டும் இதுவரை வாய் திறக்கவில்லை. மன்னித்துவிடு மக்களே.

டிசம்பரில் வருவீர்களா? டிக்கெட் கிடைப்பது கஷ்டம், முன்கூட்டியே எடு. மருமகனிடம் நான் எதுவும் வாதாடமாட்டேன் என்று சொல். முந்திரிக்கொத்துக்கு அம்மா பயறு வாங்கி வைத்துவிட்டாள். குழந்தையைப் பற்றி நீங்கள் இருவரும் பேசி முடிவு செய்யுங்கள். உடுப்பை மட்டும் இன்னொரு முறை பிரிக்கச் சொல்லிவிட்டேன்.

வேறு எதற்கும் நீ பதில் எழுத வேண்டாம். காய்ச்சல் நின்றதா என்று மட்டும் கடிதம் கிடைத்த அன்றே சொல். எந்நேரமானாலும் பரவாயில்லை, போன் என் தலைமாட்டில்தான் இருக்கும்.

அப்பா