எத்தனை பேருன்னு கேக்காதீங்க, எத்தனை இலைன்னு கேளுங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்ங்க.

போன வாரம் உங்க பேப்பர்ல சின்னச் சின்னத் தொழில் பண்றவங்க எல்லாம் ஆன்லைன் புக்கிங்குக்கு மாறணும்னு ஒரு கட்டுரை வந்துச்சு, அதுல ஃபார்ம் ரெடி பண்ண பத்து நிமிஷம் போதும்னு போட்டிருந்தீங்க. பொய்யில்ல. எங்களுக்கும் பத்து நிமிஷம்தான் ஆச்சு. ஆனா அந்த ஃபார்ம்ல என்ன கேக்கணும், எப்படிக் கேக்கணும்னு கத்துக்கிறதுக்கு ரெண்டு முகூர்த்த சீசன் போச்சு, கைக்காசும் போச்சு. அதை யாரும் எழுத மாட்டேங்கிறாங்களேன்னுதான் நான் எழுதுறேன், நீளமா இருந்தா வெட்டிக்கோங்க.

முசிறியில எங்களுக்கு ஒரு கல்யாண மண்டபம் இருக்கு, மாமனார் கட்டுனது. பெருசெல்லாம் இல்ல, மேல ஹால்ல 400 சேர், கீழ டைனிங்ல ஒரு பந்திக்கு 150 இலை, ஆறு ரூம், அவ்வளவுதான். மாமியார் இருந்த வரைக்கும் புக்கிங் எல்லாம் ஒரு நீட்டு நோட்டுலதான். மேல பிள்ளையார் சுழி, அப்புறம் இங்கிலீஷ் தேதி, பக்கத்துலயே தமிழ் தேதி, கிழமை, பேரு, ஊரு, யார் சொல்லி வந்தாங்க, எத்தனை இலை, அட்வான்ஸ் எவ்வளவு. ஸ்கேல் வெச்சு கோடு போட்டு வெச்சிருப்பாங்க. அவங்க போனதுக்கப்புறம் ஃபோன் எடுக்குற வேலை எனக்கு வந்துச்சு, ராத்திரி பத்து மணிக்கெல்லாம் கூப்பிட்டு ஆவணியில டேட் இருக்கான்னு கேப்பாங்க, அதனால சென்னையில ஐடியில இருக்க எங்க அண்ணன் பையன் ஒரு லீவுக்கு வந்தப்போ, அத்தை நான் ஒரு ஃபார்ம் போட்டுத் தரேன்னு லேப்டாப்பைத் திறந்தான். ஓசியில கிடைக்கிற ஃபார்ம்தான். ரெடிமேடா ஒரு மாடல் இருந்துச்சு, அதை அப்படியே தமிழ்ல மாத்திட்டான். முதல் பெயர், கடைசிப் பெயர், இமெயில், நிகழ்ச்சி தேதி, விருந்தினர் எண்ணிக்கை, செய்தி. ஆறு கட்டம். எல்லாத்துலயும் சிவப்பு ஸ்டார், அதாவது நிரப்பாம விட்டா ஃபார்ம் நகராது.

முதல் வாரமே இந்தக் கடைசிப் பெயர் பிரச்சனை பண்ணிடுச்சு. நம்ம ஊர்ல யாருக்குங்க கடைசிப் பெயர் இருக்கு? அப்பா பேரோட முதல் எழுத்து இனிஷியல், அது முன்னாடி வரும், அவ்வளவுதான். 2021 டிசம்பர்ல அரசாங்கமே இனிஷியலையும் தமிழ்லதான் எழுதணும்னு உத்தரவு போட்டுச்சு, ஆனா ஃபார்ம்ல இனிஷியலுக்குன்னு ஒரு கட்டம் யாரும் வைக்கிறதில்ல. அதனால ஜனங்க என்ன பண்ணுச்சுன்னா, ஒருத்தர் அப்பா பேரைப் போட்டாரு, ஒருத்தர் வீட்டுக்காரர் பேரைப் போட்டாங்க, ஒருத்தர் ஊர் பேரைப் போட்டாரு, பாதிப் பேர் கடுப்பாகி வெறும் ஒரு புள்ளி வெச்சு அனுப்பிட்டாங்க. எங்க ஃபார்ம் அதைப் பார்த்து "வணக்கம் திரு. . அவர்களே"ன்னு பதில் மெயில் அனுப்பிச்சு. அந்த ரெண்டு கட்டத்தையும் தூக்கிட்டு, "உங்க பேரு (இனிஷியலோட, பத்திரிகையில போடுற மாதிரி)"ன்னு ஒரே கட்டம் வெச்சோம். அதோட அந்தத் தகராறு முடிஞ்சுது.

அடுத்தது தேதி. இதுலதான் எங்களுக்குக் காசு போச்சு. ஒரு பொண்ணோட அப்பா ஜூன் 5க்கு, அதாவது வைகாசி 22க்கு மண்டபம் கேட்டு ஃபார்ம் போட்டிருக்காரு, அவர் சரியாத்தான் போட்டிருக்காரு. வர்ற பதில் எல்லாம் ஒரு ஷீட்ல வந்து உக்காரும், அந்த ஷீட் அமெரிக்கா வழக்கப்படி மாசத்தை முன்னாடி வெச்சு 6/5ன்னு காட்டிச்சு, நான் நம்ம வழக்கத்துக்கு மே 6ன்னு படிச்சுட்டேன். மே 6ல பெரிய முகூர்த்தம் எதுவும் இல்லையேன்னு ஒரு நிமிஷம் தோணத்தான் செஞ்சுது, சரி காதுகுத்தா இருக்கும்னு விட்டுட்டேன், ஏன்னா என்ன விசேஷம்னு கேக்குற கட்டமே அந்த ஃபார்ம்ல கிடையாது. ஜூன் 5ஐ வேற ஒரு பார்ட்டிக்கு அட்வான்ஸ் வாங்கிட்டுக் குடுத்துட்டேன். ஏப்ரல் கடைசியில அந்தப் பொண்ணோட அப்பா தாம்பாளத்துல மஞ்சள் தடவுன பத்திரிகையோட வந்து நிக்கிறாரு, எங்க மண்டபம் பேரு அச்சடிச்சிருக்கு, ஜூன் 5ன்னு போட்டிருக்கு. எனக்குக் கை கால் எல்லாம் வெலவெலத்துப் போச்சு. ரெண்டாவதா வந்த பார்ட்டி இன்னும் பத்திரிகை அடிக்கலை, அவங்க கால்ல விழாத குறையா பேசி, அதே ரோட்டுல வேற மண்டபம் பிடிச்சுக் குடுத்து, வாடகை வித்தியாசம் 25,000 எங்க கையில இருந்து குடுத்தோம்.

இதுக்கு வழி ரொம்ப சிம்பிளுங்க. ஷீட்ல ஃபைல் மெனுவுக்குள்ள செட்டிங்ஸ்ல லொகேல்னு ஒரு இடம் இருக்கும், அதுல இந்தியான்னு மாத்தணும், அவ்வளவுதான். ஆனா அதோட நான் நிறுத்தலை. மாமியார் நோட்டை எடுத்துப் பார்த்தேன். அவங்க ஏன் இங்கிலீஷ் தேதி பக்கத்துல தமிழ் தேதியும் கிழமையும் எழுதினாங்கன்னு அன்னைக்குத்தான் உறைச்சுது. ஒன்னு தப்பானா இன்னொன்னு காட்டிக் குடுத்துடும். இப்போ எங்க ஃபார்ம்ல முகூர்த்த தேதிக்குக் கீழயே "என்ன கிழமை?"ன்னு தனியா ஒரு கேள்வி இருக்கு, ஏழு கிழமையும் குடுத்து ஒன்னைத் தொடச் சொல்லியிருக்கோம். தேதியும் கிழமையும் ஒத்துப் போகலைன்னா உடனே ஃபோன் போட்டுடுவேன். அண்ணன் பையன் கிழமையைக் கம்ப்யூட்டரே கண்டுபிடிச்சுடும் அத்தை, எதுக்கு வேஸ்ட்டா ஒரு கேள்வின்னான். கம்ப்யூட்டர் கண்டுபிடிக்கிறதுக்காகக் கேக்கலைடா, அவங்க மனசுல என்ன நாள் இருக்குன்னு தெரியத்தான் கேக்குறேன்னேன்.

தேதியிலயே இன்னொரு சிக்கலும் இருக்கு. 12ஆம் தேதி கல்யாணம்னா மண்டபம் 11ஆம் தேதி மத்தியானமே வேணும், சாயங்காலம் ரிசப்ஷன், ராத்திரி சாப்பாடு, மறுநாள் காலையில தாலி, மதியம் சாப்பாடு முடிஞ்சு மூணு மணிக்கு சாவி. "நிகழ்ச்சி தேதி"ன்னு மொட்டையா கேட்டா சில பேரு 11ஐப் போடுவாங்க, சில பேரு 12ஐப் போடுவாங்க. இப்போ "முகூர்த்தம் என்னைக்கு?" ஒரு கேள்வி, "சாவி எப்போ வேணும்?" இன்னொரு கேள்வி.

விருந்தினர் எண்ணிக்கை கதையைக் கேளுங்க. ஒருத்தர் 300ன்னு போட்டாரு. நாங்க அதை நம்பி தண்ணி, கேஸ், இலை எடுக்குற ஆளு எல்லாம் ஏற்பாடு பண்ணியிருந்தோம். அன்னைக்கு அஞ்சாவது பந்தி போய்க்கிட்டு இருக்கு, வெளிய ரோடு வரைக்கும் ஆளு நிக்குது, மேல் டேங்க் காலி. கூப்பிட்டுக் கேட்டா அவர் ரொம்ப நிதானமா சொல்றாரு, 300 பத்திரிகை வெச்சேன்மா, அதைத்தான் போட்டேன்னு. ஒரு பத்திரிகைக்குக் குடும்பத்தோட வருவாங்கல்ல! அவரைக் குத்தம் சொல்லி என்ன பண்றது, விருந்தினர் எண்ணிக்கைன்னு யாராவது வீட்ல பேசுவாங்களா? இலைன்னுதான் பேசுவாங்க. அதனால அதை மூணா உடைச்சோம், ராத்திரி எத்தனை இலை, காலை டிபன் எத்தனை இலை, மதியம் எத்தனை இலை. அதுக்கப்புறம் வர்ற கணக்கு கொஞ்சம் முன்ன பின்ன இருந்தாலும் நம்பற மாதிரி இருக்கு.

என்ன விசேஷம்னு கேக்குற கட்டத்தை முதல்ல அவங்களே டைப் பண்ற மாதிரி விட்டோம். கல்யாணம், திருமணம், மேரேஜ், கல்யானம், பையன் கல்யாணம், சுபகாரியம்னு ஆளுக்கு ஒரு தினுசா அடிச்சு அனுப்புனாங்க, மாசக் கடைசியில எத்தனை கல்யாணம் எத்தனை காதுகுத்துன்னு எண்ணக்கூட முடியலை. அதனால லிஸ்ட் குடுத்துத் தேர்வு பண்ண விட்டோம். கல்யாணம், நிச்சயதார்த்தம், வளைகாப்பு, மஞ்சள் நீராட்டு, காதுகுத்து, அறுபதாம் கல்யாணம், மற்றவை. காதுகுத்துன்னு தொட்டா மட்டும் அடுத்த பக்கத்துல சைவமா அசைவமான்னு கேக்கும், ஏன்னா கெடா வெட்டுனா பின்பக்க அடுப்பையும் தனிப் பாத்திரத்தையும் குடுக்கணும், கல்யாணம்னு தொட்டவங்களுக்கு அந்தக் கேள்வியே வராது. இந்த வசதி எனக்கு ரொம்பப் பிடிச்சுது, பெருமையா எல்லார்கிட்டயும் காட்டிக்கிட்டு இருந்தேன்.

அப்போ ஒரு நாள் பக்கத்து ஊர்ப் பையன் ஒருத்தன், இருபத்தஞ்சு வயசுக்குள்ளதான் இருக்கும், மற்றவைன்னு தொட்டு, "அப்பாவுக்கு 16ஆம் நாள், டைனிங் ஹால் மட்டும்"னு எழுதி அனுப்பியிருக்கான். அனுப்புன உடனே ஸ்க்ரீன்ல என்ன வந்திருக்கும் தெரியுமா? "உங்கள் இனிய விழா சிறக்க வாழ்த்துகள்!" எல்லாருக்கும் வர்ற பதில் அது, நான் சொல்லித்தான் அண்ணன் பையன் ஆசையா எழுதினான். எங்களுக்கு அது தெரியவே தெரியாது. அட்வான்ஸ் குடுக்க வந்தப்போ அந்தப் பையன் ஃபோனைத் திருப்பிக் காட்டி, இதை மட்டும் மாத்திடுங்கக்கான்னு சொன்னான். கோவமாக்கூட சொல்லலை. அன்னைக்கு ராத்திரியே லிஸ்ட்ல கருமாதியையும் சேர்த்து, அந்த வாழ்த்தை அழிச்சுட்டு, "உங்க விவரம் வந்துடுச்சு, நாளைக்குள்ள நாங்களே கூப்பிடுறோம்"னு மட்டும் வெச்சோம்.

பின்னாடி சேர்த்த ஃபோன் நம்பர் கட்டத்துல அண்ணன் பையன் 10 நம்பருக்கு மேலயோ கீழயோ போனா வாங்காதுன்னு வெச்சிருந்தான். நல்லதுதான், ஆனா எங்க பக்கம் பாதி வீட்ல ஒருத்தர் சிங்கப்பூர்ல இருப்பாங்க, அங்க நம்பரு 8தான். தங்கச்சி கல்யாணத்துக்கு அங்கேருந்து ஃபார்ம் போட்ட ஒரு அண்ணனுக்கு "தவறான உள்ளீடு"ன்னே வந்துக்கிட்டு இருந்திருக்கு. உள்ளீடுன்னா என்னன்னு எனக்கே ஒரு நிமிஷம் யோசிக்கணும். அந்த எரர் மெசேஜை நாமளே எழுதிக்கலாம்ங்க, நிறைய பேருக்கு இது தெரியாது. இப்போ முதல் நம்பர் "ஊர்ல இருக்கவங்க நம்பர்", தப்பா அடிச்சா "10 நம்பர் மட்டும் போடுங்க, நடுவுல இடம் விடாதீங்க, முன்னாடி 91 வேண்டாம்"னு வரும். ரெண்டாவது நம்பர் எந்த நாடா இருந்தாலும் வாங்கும், ஸ்டார் கிடையாது. கல்யாணத்துக்கு முந்தின நாள் புக் பண்ணுனவரு ஃபோனையே எடுக்க மாட்டாரு, அதுக்குத்தான் ரெண்டாவது நம்பர்.

ஆதார் விஷயத்துல எனக்கும் எங்க வீட்டுக்காரருக்கும் பெரிய வாக்குவாதமே நடந்துச்சு. பொண்ணு மாப்பிள்ளை ரெண்டு பேரோட ஆதார் ஃபோட்டோவையும் ஃபார்ம்லயே போடச் சொல்லிடலாம்னாரு. அவர் சொன்னதுலயும் நியாயம் இருக்கு, 2006ல வந்த குழந்தைத் திருமணத் தடைச் சட்டப்படி பொண்ணுக்கு 18, பையனுக்கு 21 ஆகலைன்னா கல்யாணத்தை நடத்துறவங்க, துணை போறவங்களுக்கு 2 வருஷம் வரைக்கும் ஜெயில், 1 லட்சம் வரைக்கும் அபராதம். வயசை நாங்க பார்த்தே ஆகணும். ஆனா பார்க்கிறது வேற, வாங்கி வெச்சுக்கிறது வேற. ஊர்ப் பொண்ணுங்க ஆதார் எல்லாம் எங்க ஷீட்டோட சேர்ந்து கிடந்தா, அந்த பாஸ்வேர்டு எங்க மேனேஜருக்கும் தெரியும், எலக்ட்ரீஷியனுக்கும் தெரியும். 2023ல வந்த டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்துல ஒரு உதாரணமே போட்டிருக்காங்க, டாக்டரைப் பார்க்கிற ஆப் ஒன்னு ஃபோன்ல இருக்க கான்டாக்ட் லிஸ்ட்டையும் கேட்டு, நாம சரின்னு அமுக்கிட்டாலும், வைத்தியத்துக்கு அது தேவையில்லாததால அந்த சம்மதம் அதுக்குச் செல்லாதுன்னு. மண்டபத்துக்கும் அதே கணக்குதானே. போதாக்குறைக்கு ஃபைல் அனுப்பணும்னா மெயில்ல லாகின் பண்ணச் சொல்லுது, பாதிப் பேர் அங்கேயே விட்டுட்டுப் போயிடுறாங்க. கடைசியில ஃபார்ம்ல "பொண்ணு வயசு, மாப்பிள்ளை வயசு"ன்னு மட்டும் கேட்டோம், அட்வான்ஸ் குடுக்க வரும்போது சர்டிஃபிகேட்டைக் கொண்டு வரச் சொல்லி, பார்த்துட்டுக் கையிலயே திருப்பிக் குடுத்துடுறேன்.

எங்க சொந்தக்காரப் பெரியவர் ஒருத்தர், ஜாதின்னு ஒரு கட்டம் வெச்சிடும்மா, பின்னாடி பேச்சு வராதுன்னாரு. அதைத் தெரிஞ்சுக்கிட்டு நான் என்னங்க மாமா பண்ணப் போறேன், வாடகை எல்லாருக்கும் ஒன்னுதானேன்னு கேட்டேன். அதுக்கு அவர்கிட்ட பதில் இல்ல. கட்டமும் இல்ல.

இப்போ எங்க ஃபார்ம்ல கேள்வி நிறைய இருக்கு, ஸ்டார் போட்டது 6தான். கரண்ட், டீசல் பில் பொண்ணு வீடா மாப்பிள்ளை வீடா, பில் யார் பேர்ல வேணும், இதெல்லாம் கிளம்புற நேரத்துல சண்டை வர்ற இடம், அதனால முன்னாடியே கேட்டுடுறோம். இமெயிலுக்கு ஸ்டார் எடுத்தாச்சு. கடைசியா "வேற ஏதாவது சொல்லணுமா?"ன்னு ஒரு காலி கட்டம் இருக்கு பாருங்க, அதை மட்டும் அண்ணன் பையன் எடுத்துடலாம்னப்போ நான் விடலை. பாட்டிக்கு மாடி ஏற முடியாது கீழ் ரூம் வேணும், கைக்குழந்தை இருக்கு தொட்டில் கட்ட கொக்கி இருக்கான்னு எல்லாம் அதுலதான் வரும். கொக்கி கேள்வி மூணாவது தடவை வந்தப்போ அதையே தனிக் கேள்வியா சேர்த்துட்டோம், ஒரு ரூம்ல கொக்கியும் அடிச்சாச்சு.

அதனால உங்க கட்டுரையாளர் அடுத்த தடவை எழுதும்போது, பத்து நிமிஷத்துல ஃபார்ம் போடுறவங்களைக் கேக்குறதோட, அந்தக் கடையில ஃபோன் எடுக்குறவங்களையும் ஒரு வார்த்தை கேட்டுட்டு எழுதச் சொல்லுங்க. ஃபார்ம்ல என்ன கேக்கணும்ங்கிறது அவங்களுக்குத்தான் தெரியும்.

இந்தக் கடிதத்தை உங்க வெப்சைட்லதான் அனுப்புறேன். அங்கயும் கடைசிப் பெயர்னு ஒரு கட்டம் சிவப்பு ஸ்டாரோட இருக்கு, நானும் புள்ளி வெச்சுத்தான் அனுப்புறேன். பேப்பர்ல போடும்போது அந்தப் புள்ளியை மட்டும் எடுத்துடுங்க.

இப்படிக்கு,
முசிறியிலேருந்து ஒரு வாசகி