பாய்மரப் படகுகளின் புறொப்பெல்லர் அரிப்பும் நாகக் கட்டியும்

ஆசிரியர் அவர்களுக்கு,

திருகோணமலை உட்துறைமுகத்தில் மாதக்கணக்கில் நங்கூரமிட்டு நிற்கும் பாய்மரப் படகுகளின் புறொப்பெல்லர்கள் அரிபடுவதைப் பற்றிப் பேச்செழும் போதெல்லாம், "சாமான் தரமில்லை" என்றோ "எங்கள் கடலில் உப்பு அதிகம்" என்றோ முடிவுகட்டிப் புதியதொன்றை வாங்கிப் பூட்டுவதே இங்கு வழக்கமாகியிருக்கிறது. படகு இயந்திரங்களைத் திருத்தும் தொழிலில் உள்ளவன் என்ற வகையில், இம்முடிவு பெரும்பாலும் தவறானது என்பதைத் தங்கள் பத்திரிகை வாயிலாக எடுத்துரைக்க விரும்புகிறேன்.

மங்கனீசு வெண்கலம் என்ற பெயரில் விற்கப்படும் புறொப்பெல்லர், ஏறத்தாழ 58 சதவீதம் செப்பும் 40 சதவீதமளவில் நாகமும் (துத்தநாகம்) கலந்த ஒருவகைப் பித்தளையே ஆகும். கறையில் உருக்கினாலான (துருப்பிடிக்காத எஃகு) அச்சுத்தண்டோடு பூட்டப்பட்டு அது உப்புநீரில் அமிழ்ந்திருக்கையில், இரண்டும் சேர்ந்து ஒரு மின்கலமாகத் தொழிற்படுவதால், கலப்புலோகத்திலுள்ள நாகம் சிறிது சிறிதாகக் கரைந்து வெளியேற, வலுவிழந்த செப்பு மட்டுமே எஞ்சுகிறது. மஞ்சள் நிறத்தினிடையே இளஞ்சிவப்புத் திட்டுகள் தென்பட்டால் இது தொடங்கிவிட்டதென்று கொள்ளலாம். சிறு சுத்தியலால் தட்டினால் புறொப்பெல்லரின் நல்ல இதழ் மணிபோல் ஒலிக்கும். நாகமிழந்த இதழில் மந்தமான சத்தமே கேட்கும்.

அச்சுத்தண்டில் பூட்டப்படும் நாகக் கட்டி, புறொப்பெல்லருக்கு முன் தான் கரைந்து அதைக் காக்கிறது. இம்முறையைப் பிரித்தானியக் கடற்படைக் கப்பல்களின் அடிப்பாகத்தில் பொதியப்பட்ட செப்புத் தகடுகளுக்காக 1824 இல் வேதியியலாளர் ஹம்பிரி டேவி ஆராய்ந்தார். தகடு அரிபடுவது நின்றது. ஆனால் நஞ்சாகக் கரையும் செப்பு இல்லாமற்போகவே சிப்பியும் பாசியும் தாராளமாக ஒட்டிக்கொண்டன. கட்டிகளை அளவுக்கு மிஞ்சிப் பூட்டுவோர் இதையும் எண்ணிப் பார்ப்பது நல்லது.

கட்டி பூட்டியும் அரிப்பு நிற்கவில்லை என்ற முறைப்பாட்டோடு வரும் படகுகளில் நான் பெரும்பாலும் காண்பது, கட்டிக்கும் அச்சுத்தண்டுக்கும் மின்தொடர்பு இல்லாத நிலையையே. இங்குள்ள ஒரு திருத்தகத்தில் படகின் அடிப்பாகத்துக்கு வர்ணம் பூசியவர்கள் நாகக் கட்டிக்கும் சேர்த்து அழகாகப் பூசிவிட்டிருந்தார்கள். கட்டியைப் படகின் உடலில் பூட்டி இயந்திரத்தோடு கம்பியால் இணைத்திருக்கும் இடங்களில், இயந்திரத்துக்கும் அச்சுத்தண்டுக்கும் நடுவேயுள்ள இறப்பர் இணைப்பு மின்னோட்டத்தை மறித்துவிடுகிறது; அதைத் தாண்டி ஒரு செப்புப் பட்டியைப் பூட்டாவிட்டால் கட்டி இருந்தும் பயனில்லை. படகு கரையேறியிருக்கும்போது மல்டிமீற்றரை வைத்துப் பார்த்தால், கட்டிக்கும் புறொப்பெல்லருக்கும் இடையிலான மின்தடை 1 ஓமுக்குக் குறைவாக இருக்க வேண்டும். பாதி கரைந்த கட்டியை மாற்றிவிட வேண்டும் என்பது பலருக்கும் தெரியும். ஓராண்டு நீரில் கிடந்தும் புதியதுபோலத் தோன்றும் கட்டியே கூடுதலாகச் சந்தேகிக்க வேண்டியது என்பதைத்தான் பலர் உணர்வதில்லை.

மகாவலி ஆறு திருகோணமலையை அடுத்த கொட்டியாரக் குடாவில் வந்து கலப்பதால், வடகீழ்ப் பருவமழைக் காலத்தில் அங்கே மேல்நீரின் உப்புத்தன்மை குறைகிறது. அத்தகைய நீரில் நாகத்தின் மேல் ஒரு படலம் படிந்து அது செயலிழக்கக்கூடும் என்பதால், மூதூர், கிண்ணியாப் பக்கம் படகை நிறுத்துவோருக்கு அலுமினியக் கட்டியே பொருத்தமானது.

பாய்மரப் படகுக்கு மேலும் ஓர் இடர் உண்டு. இயந்திரம் ஓடாமல் நிற்கும் நாட்களிலும் சூரியத் தகடு பற்றரிகளுக்கு மின்னேற்றிக்கொண்டே இருப்பதால், அடியில் தேங்கும் நீரை இறைக்கும் பம்பியின் மிதவை ஆளிக்குச் செல்லும் கம்பியில் சிறு கசிவு இருந்தாலும், அந்த நேரோட்டம் நீருக்குள் இறங்கிப் பல மாதங்களில் நிகழும் அரிப்பைச் சில நாட்களிலேயே நிகழ்த்திவிடும். இதை எந்த நாகக் கட்டியாலும் தடுக்க முடியாது. கசிவைக் கண்டுபிடித்துக் கம்பியை மாற்றுவதே வழி.

ஆகவே திருத்தகங்கள், படகைக் கடலில் இறக்குமுன் கட்டிக்கும் புறொப்பெல்லருக்கும் இடையிலான மின்தடையை அளந்து, அந்த அளவைப் பற்றுச்சீட்டில் எழுதிக் கொடுக்க வேண்டும் எனவும், நகரிலுள்ள படகு உதிரிப்பாகக் கடைகள் நாகம், அலுமினியம் ஆகிய இருவகைக் கட்டிகளையும் மில்லிமீற்றர், அங்குலம் ஆகிய இரு அளவுகளிலுமுள்ள அச்சுத்தண்டுகளுக்கு ஏற்ப இருப்பில் வைத்திருக்க வேண்டும் எனவும் கேட்டுக்கொள்கிறேன்.

இங்ஙனம்,
படகு இயந்திரத் திருத்துநர் ஒருவர்,
உப்புவெளி, திருகோணமலை.