ஜவ்வாது மலையில் முகாம் நடத்துவோருக்கு: கரடி பற்றி ஒரு திறந்த மடல்

அன்புள்ள முகாம் அமைப்பாளர்களுக்கு, வணக்கம்.

ஜவ்வாது மலைக்கும் ஏலகிரிக்கும் அமிர்திக்கு மேலுள்ள கிராமங்களுக்கும் வார இறுதியில் கூடாரம் போட ஆட்களைக் கூட்டி வருகிறீர்கள். பணம் கட்டியவர்களுக்கு நீங்கள் வாட்ஸ்அப்பில் அனுப்பும் பாதுகாப்புத் தாளைப் படித்தோம். சாப்பாட்டுப் பையைக் கயிறு கட்டி மரக்கிளையில் தொங்கவிடச் சொல்கிறது. கருப்புக் கரடி என்றால் திருப்பி அடிக்கச் சொல்கிறது. இவை அமெரிக்கக் காடுகளுக்கு எழுதியவை. நம் மலையில் இருக்கும் கரடி வேறு சாதி; ஆங்கிலத்தில் ஸ்லாத் பேர் (sloth bear) என்பார்கள். அந்தத் தாளை நம்பி யாராவது அடிபடுவதற்குள் அதை மாற்றிவிடுங்கள் என்று கேட்கத்தான் இந்த மடல்.

நம்மூர்க் கரடி கறையானும் எறும்பும் தின்பது. மேல்வரிசை முன்பற்களில் நடுவில் இரண்டு அதற்குக் கிடையாது. அந்தச் சந்து வழியாகத்தான் கறையானை உறிஞ்சி எடுக்கும். உறிஞ்சும் சத்தம் நூறு மீட்டர் தள்ளியும் கேட்கும். அந்த நேரத்தில் அதன் மூக்கு புற்றுக்குள் இருக்கும், காதை அதன் சத்தமே அடைத்திருக்கும், கண் பார்வையோ எப்போதுமே மட்டு. ஆள் கிட்டே வந்து நிற்கும் வரை அதற்குத் தெரியாது. தெரிந்ததும் ஓடாது. புலியோடும் சிறுத்தையோடும் ஒரே காட்டில் வாழ்ந்த விலங்கு, பயந்தால் பாய்வதுதான் அதன் பழக்கம். பாய்ந்தால் முகத்திலும் தலையிலும்தான் நகம் விழும். ஆகவே கரடியைத் திடுக்கிட வைக்காமல் இருப்பதே உங்கள் முதல் வேலை. மற்றதெல்லாம் அதற்குப் பிறகு.

இடம் பார்க்கும்போதே இது தொடங்குகிறது. பட்டா நிலமா, காப்புக்காடா என்று முதலில் பாருங்கள். வனத்துறை அனுமதி இல்லாமல் காப்புக்காட்டுக்குள் தங்குவது குற்றம். பட்டா நிலமே என்றாலும் முந்தின நாள் பகலில் சுற்றிலும் முந்நூறு மீட்டர் நடந்து பாருங்கள். கரடி தோண்டிய புற்று தனியாகத் தெரியும்: பக்கவாட்டில் ஒரு கை நுழையும் அளவுக்குக் கூம்பாகக் குழி, வாயில் சிதறிய மண்கட்டி, அதில் இணைகோடுகளாக நகக்கீறல். மண் ஈரமாக, நிறம் மாறாமல் இருந்தால் நேற்றிரவு வேலை. எச்சத்தில் எறும்புத் தலையும் நாவல் கொட்டையும் கொன்றை விதையும் அப்படியே இருக்கும். பின்னங்கால் தடம் குழந்தையின் பாதம் மாதிரி ஏமாற்றும். ஆனால் விரல்கள் ஏறக்குறைய ஒரே வரிசையில் இருக்கும், அவற்றுக்கு முன்னால் நகம் குத்திய புள்ளிகள் தெரியும். இவற்றில் ஒன்றைப் பார்த்தாலும் அங்கே கூடாரம் வேண்டாம்.

பாறைக் குகை, கற்பாறைகளுக்கு இடையே உள்ள பொந்து, உண்ணிச்செடிப் புதர் ஆகியவை அது பகலில் படுக்கும் இடங்கள். இவற்றிலிருந்தும் ஓடை, ஊற்று, குட்டைகளிலிருந்தும் இருநூறு மீட்டராவது விலகுங்கள். கோடையில் ஊற்றுகள் வற்றி ஒன்றிரண்டே மிஞ்சும்போது இன்னும் தள்ளிப் போங்கள்.

இனி அடுப்படி. பெரும்பாலான முகாம்கள் தவறுவது இங்கேதான். கரடியின் மூக்கு கண்ணைவிடப் பல மடங்கு கூர்மை. ஆம்பூரில் வாங்கிய பிரியாணிப் பொட்டலத்தைக் கூடாரத்துக்குள் பிரித்துத் தின்றுவிட்டு, எலும்பும் கத்தரிக்காய்த் தொக்கும் ஒட்டிய இலையை வெளியே பள்ளம் தோண்டிப் புதைக்கிறார்கள். கல்லைப் போல இறுகிய புற்றை உடைக்கிற நகத்துக்கு அந்தப் பள்ளம் ஒரு நிமிட வேலை. மிச்சத்தைப் புதைக்கவும் கூடாது, எரிக்கவும் கூடாது. எரித்தால் கொழுப்பு வாசனை இன்னும் தூரம் போகும். இரண்டு அடுக்குப் பையில் கட்டி வண்டியில் வைத்து, இறங்கும்போது கீழே கொண்டுபோங்கள். பாத்திரம் கழுவிய தண்ணீரைத் துணியில் வடிகட்டி, வண்டலை அதே பையில் போடுங்கள்.

அடுப்புக்கும் கூடாரத்துக்கும் நூறு மீட்டர் இடைவெளி விடுங்கள். எந்தப் பக்கம் என்பதும் முக்கியம். இரவில் குளிர்ந்த காற்று சரிவில் கீழே இறங்கி ஓடைப் பள்ளத்தில் தேங்கும். வாசனையும் கூடவே இறங்கும். கரடி நடமாடும் வழியும் அந்தப் பள்ளம்தான். கூடாரங்கள் மேட்டில், அடுப்பு அவற்றுக்குப் பக்கவாட்டில் சற்றுத் தாழ்வாக, ஆனால் ஓடையின் தலைப்பில் வராதபடி இருக்கட்டும்.

மரக்கிளையில் பையைத் தொங்கவிடுவது இங்கே பலிக்காது. தேனடைக்காக மரம் ஏறுகிற விலங்கு இது. கிராமத்தில் கான்கிரீட் கூரையும் கெட்டிக் கதவும் உள்ள, யாரும் படுக்காத அறை கிடைத்தால் அதுவே நல்லது. இல்லையென்றால் கண்ணாடி முழுக்க ஏற்றிய வண்டிக்குள், கிளாம்ப் மூடி போட்ட எவர்சில்வர் டிரம்மில் வையுங்கள். ஓட்டு வீட்டையும் கூரைக் குடிசையையும் நம்ப வேண்டாம். நீலகிரியில் எண்ணெய்க்காகக் கதவை உடைத்துக் கரடி உள்ளே புகுவது அடிக்கடி வரும் செய்தி.

கூடாரத்துக்குள் என்னவெல்லாம் இருக்கிறது என்று ஒரு முறை பைகளைத் திறந்து பார்க்கச் சொல்லுங்கள். ஜமுனாமரத்தூரில் ஊருக்கு வாங்கிய தேன் பாட்டில் தலையணைப் பக்கம் இருக்கும். வெல்லம், நிலக்கடலை உருண்டை, பலாச்சுளை, தேங்காய் எண்ணெய், பற்பசை எல்லாம் இருக்கும். அத்தனையும் டிரம்முக்குப் போக வேண்டும். சமைத்த சட்டையோடு படுக்கவும் கூடாது.

கரடி ஆளைத் தாக்குவதில் விடியலும் அந்தியும் மோசமான நேரங்கள். முகாமில் அந்த நேரத்தில் தனியாக, தூக்கக் கலக்கத்தோடு, சத்தமில்லாமல், புதரைத் தேடிப் போகிறவர் யார்? வெளிக்குப் போகிறவர். கூடாரத்திலிருந்து இருபது மீட்டருக்குள் தடுப்புத் துணி கட்டிய கழிப்பிடம் போடுங்கள், வழியில் விளக்கு வையுங்கள். உங்கள் பட்டியலில் எது விட்டுப்போனாலும் இது விட்டுப்போகக் கூடாது. இருட்டில் எங்கே போனாலும் இருவராக, டார்ச்சோடு, பேசிக்கொண்டே போக வேண்டும். நடைபயணத்தில் காதில் ஹெட்போன் வேண்டாம். வளைவிலும் புதர் நெருக்கத்திலும் கோலால் தட்டுங்கள், குரல் கொடுங்கள். நாயைக் கூட்டி வராதீர்கள். அது கரடியைச் சீண்டிவிட்டு உங்களிடமே ஓடி வரும்.

கேம்ப் ஃபயர் கரடியைத் தடுக்கும் என்று நம்பாதீர்கள். காட்டில் தீ பரவினால் அதுவே பெரிய ஆபத்து: 2018 மார்ச்சில் தேனி மாவட்டம் குரங்கணியில் காட்டுத்தீ மலையேறியவர்களைச் சூழ்ந்தது நினைவிருக்கட்டும்.

காலமும் பாருங்கள். மே முதல் ஜூலை வரை பலாவும் நாவலும் பழுக்கும். அந்த மரங்களுக்கு அடியில் கூடாரம் கூடாது. மழைக்குப் பின் புற்று இளகும், ஈசல் கிளம்பும், நடமாட்டம் கூடும். நவம்பர் முதல் ஜனவரி வரை பெட்டைக் கரடி குகையில் குட்டி ஈனும். இரண்டு மூன்று மாதம் குட்டிகள் உள்ளேயே இருக்கும், பிறகு தாயின் முதுகில் ஏறி வரும். உங்கள் புத்தாண்டு முகாம் சரியாக அந்த நேரத்தில் வருகிறது. பாறைச் சரிவுக்கு எதிரே ஸ்பீக்கர் வைத்து ஆடுவது தாய்க் கரடியைக் குகையில் வைத்துக்கொண்டு செய்கிற காரியம். டிசம்பரில் எரிநட்சத்திரம் பார்க்க வருபவர்களுக்கும் ஒன்று: காவலூர்ப் பக்கம் வானம் நல்ல இருட்டு, அதற்காக விளக்கை அணைப்பது நியாயமே. ஆனால் எல்லோரும் ஒரே திடலில் சேர்ந்து படுங்கள், ஒருவர் மாற்றி ஒருவர் டார்ச்சோடு விழித்திருங்கள்.

அத்தனையும் மீறி எதிரே வந்துவிட்டால்: தூரத்தில் இருக்கிறது, உங்களைப் பார்க்கவில்லை என்றால் வந்த வழியே மெல்லத் திரும்புங்கள். பின்னங்காலில் எழுந்து நின்றால் அது மோப்பம் பிடிக்கிறது, பாயவில்லை. மெதுவாகப் பேசிக்கொண்டே பின்வாங்குங்கள். ஓடினால் அது உங்களைவிட வேகமாக ஓடும், மரம் ஏறினால் அதுவும் ஏறும். பாய்ந்து வந்தால் கூட்டம் சிதறாமல் நெருங்கி நிற்க வேண்டும். பல பாய்ச்சல்கள் பாதியில் நின்றுவிடும். மேலே விழும் கணத்தில் குப்புறப் படுங்கள். விரல்களைக் கோத்துப் பின்கழுத்தில் வைத்து, முழங்கைகளால் முகத்தை இருபக்கமும் மறைத்துக்கொள்ளுங்கள். முதுகுப் பையைக் கழற்ற வேண்டாம், அது கவசம். கால்களை அகட்டி வையுங்கள், எளிதில் புரட்ட முடியாது. புரட்டினால் மறுபடி குப்புறத் திரும்புங்கள். அது போனபின்னும் சில நிமிடம் அசையாமல் கிடங்கள்.

தலைக்காயத்தில் சுத்தமான துணியை வைத்து விடாமல் அழுத்துங்கள். கண்ணின் மேல் மட்டும் அழுத்தக் கூடாது. முகத்தில் காயமென்றால் முன்சாய்த்து உட்கார வையுங்கள், ரத்தம் தொண்டைக்குள் போகாது. ரத்தம் கட்டுப்பட்டதும் சோப்பும் தண்ணீரும் கொண்டு பதினைந்து நிமிடம் கழுவுங்கள். வெறிநாய்க்கடிக்குப் போடுகிற தடுப்பூசியும் காயத்தைச் சுற்றிப் போடும் இம்யூனோகுளோபுலினும் டெட்டனஸ் ஊசியும் கரடிக் கடிக்கும் தேவை. 108-க்கு அழைக்க மலையில் எந்த இடத்தில் சிக்னல் கிடைக்கும் என்று முன்பே தெரிந்துவையுங்கள். இரவு முழுக்க ஒரு வண்டி இறங்கும் திசை பார்த்து நிற்கட்டும், டிரைவர் முகாமிலேயே படுக்கட்டும்.

வனத்துறையிடமும் ஒரு வேண்டுகோள். ‘வன விலங்குகள் நடமாடும் பகுதி’ என்ற பலகை எல்லா வளைவிலும் இருப்பதால் யாரும் படிப்பதில்லை. மலையேறும் இடத்தில் ஒரு கரும்பலகை வைத்து, எந்தச் சரிவில் எந்தத் தேதியில் புதுத் தடம் தெரிந்தது என்று எழுதிப் போடுங்கள்.

அமைப்பாளர்களே, நீங்கள் ஞாயிற்றுக்கிழமை மாலை இறங்கிவிடுவீர்கள். மனிதச் சாப்பாட்டின் ருசி கண்ட கரடி அடுத்த வாரம் பீஞ்சமந்தையிலோ ஜார்த்தான்கொல்லையிலோ இந்த மலையிலேயே வாழும் மலையாளிப் பழங்குடிக் குடும்பம் ஒன்றின் அடுப்படிக்கு வரும். புதுத் தாளை எழுதியதும், அனுப்பும் முன்பு, நீங்கள் தங்கும் ஊரிலேயே பிறந்து வளர்ந்த பெரியவர் ஒருவரிடம் வாசித்துக் காட்டுங்கள். அவர் திருத்தச் சொல்வதைத் திருத்திவிட்டு அனுப்புங்கள்.

இப்படிக்கு,
வேலூர், திருப்பத்தூர் மலைகளில் வழிகாட்டிகளாக இருப்போர் சிலர்