கதவுக்குள் இருக்கும் அந்தக் குழாய்: டிங்கரிங் பட்டறை அண்ணன்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள டிங்கரிங் பட்டறை அண்ணன்களுக்கும், கார் ஆக்சசரீஸ் கடைக்காரர்களுக்கும் வணக்கம்.

போன மாதம் என் காரின் பின்பக்க இடது கதவில் கண்ணாடி இறங்காமல் மாட்டிக்கொண்டது. மோட்டாரைப் பார்க்க, கதவின் உள்பக்கத்தை மூடியிருக்கும் டோர் பேடைக் கழற்றினார்கள். சும்மா பக்கத்தில் நின்றிருந்த நான் உள்ளே எட்டிப் பார்த்தேன். வெளித்தகட்டை ஒட்டிச் சாய்வாக ஒரு குழாய் போகுமே, நீங்கள் சைடு பீம் என்பீர்களே, அது நடுவில் அறுக்கப்பட்டிருந்தது. ஒரு சாண் நீளத்துக்கு வேறொரு குழாய்த் துண்டு வைத்து இரு முனையிலும் வெல்டிங். வெல்டிங் தழும்பை ஒட்டிக் கறுப்புப் பூச்சு வெந்து போய், இரும்பில் நீலமும் வைக்கோல் நிறமுமாகச் சூட்டுக் கறை படிந்திருந்தது.

மூன்று வருடத்துக்கு முன்பு ஒரு மினி லாரி இடித்து அந்தக் கதவு உள்வாங்கிவிட்டது. ஒரு பட்டறையில் கொடுத்தேன். நாலே நாளில் முடித்துக் கொடுத்தார்கள். உள்ளங்கையை வைத்துத் தடவினால் மேடு பள்ளம் எதுவும் தட்டுப்படவில்லை. பெயின்ட் ஷேடு அப்படியே பொருந்தியிருந்தது. மனதாரப் பாராட்டிவிட்டு வந்தேன். அந்தக் கதவோரத்தில்தான் என் அம்மா எப்போதும் உட்காருவார். மூன்று வருடமாக உட்கார்ந்திருக்கிறார்.

அந்தப் பட்டறையின் பெயர் இங்கே வேண்டாம். அந்த அண்ணன் என்னை ஏமாற்றியதாக நான் நினைக்கவில்லை. வளைந்ததை நிமிர்த்துவதும், நிமிராததை வெட்டி ஒட்டுவதும்தான் அவர் சின்ன வயதிலிருந்து கற்ற தொழில். கதவின் வெளித்தகட்டுக்கு அது செல்லும், இந்தக் குழாய்க்குச் செல்லாது என்று அவரிடம் யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். கார் கதவுகளுக்குத் தகடு அழுத்தும் பிரஸ் ஷாப்பில் பல வருடம் வேலை பார்த்தவன் என்பதால் எனக்கு அது தெரியும். தெரிந்தும் அன்றைக்குப் பேடைக் கழற்றிப் பார்க்கவில்லை. அதனால்தான் இந்த மடல்.

முன்பக்கம் இடித்தால் பானெட்டுக்குக் கீழே இருக்கும் சட்டங்கள் நசுங்கி அடியில் பெரும்பகுதியை வாங்கிக்கொள்ளும். பக்கவாட்டில் அப்படி நசுங்க இடமே கிடையாது. வெளித்தகட்டுக்கும் உட்கார்ந்திருப்பவரின் விலா எலும்புக்கும் நடுவே ஒரு சாண், மிஞ்சினால் ஒன்றரைச் சாண். மணிக்கு 50 கிலோமீட்டர் என்றால் விநாடிக்கு ஏறக்குறைய 14 மீட்டர். அந்த வேகத்தில் 25 சென்டிமீட்டரைக் கடக்க 18 மில்லி விநாடி போதும். கண் இமைக்கவே 100 மில்லி விநாடிக்கு மேல் ஆகும். கண்ணை மூடித் திறப்பதற்குள் எல்லாம் முடிந்துவிடும்.

இந்த ஒரு சாண் இடத்துக்குள் உயிரைக் காப்பாற்றத்தான் கதவுக்குள் அத்தனை சாமான். வெளித்தகடு ஒரு மில்லிமீட்டர்கூட இருக்காது, அதனால் அடியைத் தாங்க முடியாது. தாங்குவது பீம். அது அடியை வாங்கி, ஒரு பக்கம் கீல் வழியாகவும் மறுபக்கம் லாக் வழியாகவும், கதவின் இரு ஓரத்திலும் தூண்போல நிற்கும் பில்லர்களுக்குக் கைமாற்றிவிடும். பில்லரிலிருந்து கூரைக்கும், கீழே கதவுக்கு அடியில் ஓடும் சட்டமான சில்லுக்கும், தரைத்தளத்துக்கும் போய் வண்டியின் அந்தப் பக்கம் வரைக்கும் சுமை பரவும். கதவின் அடிப்பாகம் சில்லின் மேல் கொஞ்சம் படிந்து நிற்பதும் இதற்காகத்தான்.

இந்தச் சங்கிலியில் லாக்கும் ஒரு கண்ணி. முழுசாகப் பூட்டிய லாக், நீளவாக்கில் 11,000 நியூட்டன், அதாவது சுமார் 1,100 கிலோ எடைக்குச் சமமான இழுவையிலும், குறுக்குவாக்கில் 9,000 நியூட்டன் இழுவையிலும் விடக்கூடாது என்பது சர்வதேச விதி. கதவு லைனில் வர வேண்டும் என்று, லாக் கவ்விக்கொள்ளும் கொக்கியான ஸ்ட்ரைக்கரை நகர்த்தி வைக்கும்போது, லாக் முழுசாக விழுகிறதா, பாதியில் நிற்கிறதா என்று பாருங்கள். பாதியில் நின்றால் அந்த பலம் கிடைக்காது.

சரி, பீமுக்கு வருகிறேன். அதன் கதையே தனி. அமெரிக்காவில் 1973-இல் ஒரு விதி வந்தது. 12 அங்குல விட்டமுள்ள இரும்பு உருளையைக் கதவின் மேல் வைத்து 18 அங்குலம் வரை மெதுவாக உள்ளே அழுத்துவார்கள். கதவு எவ்வளவு விசையோடு எதிர்த்து நிற்கிறது என்று அளப்பார்கள். வெறும் தகட்டால் அதைத் தாண்ட முடியாது என்பதால் கதவுக்குக் குறுக்கே பீம் வைப்பது வழக்கமாகிவிட்டது. அப்போதெல்லாம் அது கனமான இரும்பு. இன்றைய வண்டியில் இருப்பது பார்வைக்கு ஒல்லி, ஆனால் வலு பல மடங்கு. போரான் கலந்த எஃகை 900 டிகிரிக்கு மேல் சிவக்கக் காய்ச்சி, அச்சுக்குள் அழுத்தும்போதே சில விநாடிகளில் குளிர வைப்பார்கள். குழாயாக வருவதையும் இதேபோல் காய்ச்சிச் சட்டென்று குளிர வைத்துத்தான் எடுப்பார்கள். அந்தத் திடீர்க் குளிர்ச்சியில்தான் அதற்கு 1,500 மெகாபாஸ்கல் அளவுக்கு உறுதி வருகிறது. வெளித்தகட்டைப் போல நாலைந்து மடங்கு.

கொல்லர் பட்டறையில் பார்த்திருப்பீர்கள். அரிவாளைச் சிவக்கக் காய்ச்சித் தண்ணீரில் தோய்த்து எடுப்பார்கள், வாய் அப்படிப் பதமாகும். அதே அரிவாளைத் திரும்ப அடுப்பில் போட்டுவிட்டு மெதுவாக ஆறவிட்டால்? வாய் மழுங்கி, வெறும் இரும்பாகிவிடும். பீமில் கேஸ் டார்ச் பட்டாலும் அதுவேதான் நடக்கிறது. தொழிற்சாலையில் ஏற்றிய பதம், நீங்கள் காய்ச்சிய இடத்தில் இறங்கிவிடுகிறது. வெல்டிங் அடித்தாலும் தழும்பை ஒட்டி இரண்டு பக்கமும் ஒரு பட்டை இளகிவிடும். அடுத்த அடி விழும்போது பீம் சரியாக அந்த இடத்தில் மடங்கும். சூடே காட்டாமல் ஜாக்கி வைத்து நிமிர்த்தினாலும் சரி வராது. ஒருமுறை மடிந்த இடத்தில் கண்ணுக்குத் தெரியாத விரிசல் இருக்கலாம், அடுத்த முறை முதலில் மடிவதும் அந்த இடம்தான். வண்டிக் கம்பெனிகளின் சர்வீஸ் புத்தகங்கள் சைடு பீமை நிமிர்த்தாதே, வெட்டி ஒட்டாதே, மாற்று என்று சொல்வது இதனால்தான்.

நம் நாட்டில் 2017 அக்டோபர் முதல் வந்த புது மாடல்களும், 2019 அக்டோபர் முதல் எல்லா மாடல்களும் ஏஐஎஸ்-099 என்ற பக்கவாட்டு மோதல் சோதனையைத் தாண்டியாக வேண்டும். முகப்பில் அலுமினியத் தேன்கூடு பொருத்திய 950 கிலோ தள்ளுவண்டியை 50 கிலோமீட்டர் வேகத்தில் காரின் பக்கவாட்டில் மோதவிடுவார்கள். மோதும்போது எந்தக் கதவும் திறந்துகொள்ளக் கூடாது. மோதி முடிந்தபின் கருவி எதுவும் இல்லாமல் கதவைத் திறந்து ஆளை வெளியே எடுக்க முடிய வேண்டும். 2023 அக்டோபரில் நடைமுறைக்கு வந்த, கார்களின் பாதுகாப்புக்கு ஸ்டார் கொடுக்கும் பாரத் என்கேப் திட்டத்தில், மூன்று ஸ்டாரோ அதற்கு மேலோ வாங்க, 254 மில்லிமீட்டர் விட்டமுள்ள கம்பத்தில் 29 கிலோமீட்டர் வேகத்தில் காரைப் பக்கவாட்டில் மோதவிடும் சோதனையும் உண்டு. தள்ளுவண்டி அகலமாக மோதும், அடி பரவிவிடும். கம்பம் ஒரே இடத்தில் இறங்கும். அத்தனை ஸ்டாரும் தொழிற்சாலையிலிருந்து வந்த கதவுக்குக் கிடைத்தவை. ஒட்டுப் போட்ட கதவுக்கு அவை பொருந்தாது.

ஆக்சசரீஸ் கடைக்காரர்களே, உங்களிடமும் கொஞ்சம் பேச வேண்டும். கதவின் உள்தகட்டை மூடி ஒரு பிளாஸ்டிக் ஷீட் ஒட்டியிருக்குமே, ஸ்பீக்கர் மாட்டும்போது அதைக் கிழித்துவிட்டு அப்படியே விடுகிறோம். மழைத் தண்ணீர் உள்ளே வராமல் தடுக்க மட்டும்தான் அது என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். சைடு ஏர்பேக் உள்ள பல கார்களில் கதவுக்குள் காற்றழுத்த சென்சார் இருக்கும். அறைக்கதவைப் படாரென்று சாத்தினால் எதிரே இருக்கும் ஜன்னல் அதிரும் அல்லவா? அதேபோல, வெளித்தகடு திடீரென்று உள்ளே அமுங்கும்போது கதவுக்குள் ஏறும் காற்றழுத்தத்தை வைத்துத்தான் அந்த சென்சார் மோதலைக் கண்டுபிடிக்கிறது. ஷீட் கிழிந்திருந்தாலோ, பெரிய ஸ்பீக்கருக்காக உள்தகட்டை வெட்டியிருந்தாலோ காற்று கசிந்து சமிக்ஞை மெலிந்துவிடும். பலூன் விரிய வேண்டிய அந்தச் சில மில்லி விநாடியில் இந்தத் தாமதம் பெரியது.

அப்புறம், பேடின் பின்னால் இடுப்புக்கு நேராகத் தெர்மோகோல் போல ஒரு கட்டி ஒட்டியிருக்கும். பேக்கிங் என்று நினைத்துக் குப்பையில் போட்டுவிடாதீர்கள். மோதும்போது விலாவுக்கு முன்னால் இடுப்பெலும்பைத் தள்ளி, ஆளை மொத்தமாக நகர்த்துவது அதன் வேலை. இடுப்பு தாங்கும் அடியை விலா தாங்காது. சீட்டின் ஓரத்தில் ஏர்பேக் இருந்தால், ஏர்பேக் விரியும்போது பிரிந்து வழிவிடும்படி தைத்த சீட் கவரைத்தான் போட வேண்டும்.

கதவையே மாற்றச் சொன்னால் கஸ்டமர் அடுத்த பட்டறைக்கு ஓடிவிடுவார் என்பீர்கள். நியாயம்தான். அன்றைக்கு நானும் ரேட்டைக் குறைக்கச் சொல்லி உங்களில் ஒருவரிடம் அரை மணி நேரம் பேசினேன். இன்சூரன்ஸ் சர்வேயர் ‘ரிப்பேர் பண்ணினால் போதும்’ என்று எழுதிவிட்டுப் போவதும் உண்டு. ஆனால் பீம் வளைந்திருக்கிறது என்பதே எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் ஒரு ரூபாய் குறைக்கச் சொல்லியிருக்க மாட்டேன். ஆகவே நான் கேட்பது இவ்வளவுதான். கதவு உள்வாங்கிய வண்டி வந்தால், ரேட் சொல்வதற்கு முன்பு பேடைக் கழற்றுங்கள். பீமை ஒரு போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் கஸ்டமருக்கும், கிளெய்ம் என்றால் சர்வேயருக்கும் அனுப்புங்கள். பீம் நேராக இருந்தால் தகட்டைத் தாராளமாக டென்ட் எடுங்கள், அதில் உங்களை மிஞ்ச ஆளில்லை. பீம் வளைந்திருந்தால், கதவு மாற்ற வேண்டும் என்று பில்லில் எழுதிக் கொடுங்கள். புதுக் கதவு கட்டுப்படியாகாதவருக்கு, பழைய வண்டிப் பாகங்கள் விற்கும் சென்னைப் புதுப்பேட்டையில் அதே மாடல், அதே வேரியன்ட் கதவு கிடைத்தாலும் நல்லதுதான், அடிபடாத பீமா என்று பார்த்து எடுத்தால். ஒட்டுப் போட்ட பீமுக்கு அது எவ்வளவோ மேல்.

என் வண்டிக்குக் கதவை மாற்றிவிட்டேன். அந்தப் பழைய பீமை அறுத்து எடுத்து டிக்கியில் போட்டு வைத்திருக்கிறேன். ஒட்டுக்குத் தள்ளி, தொழிற்சாலைப் பதம் குலையாத இடத்தில் டிரில் பிட்டை வைத்தால் வழுக்கும், முனை மழுங்கும். தழும்பை ஒட்டி வைத்தால் லேசாக இறங்கிவிடும். உங்கள் பட்டறைப் பையன்களுக்குக் காட்ட வேண்டுமானால் சொல்லுங்கள், எடுத்துக்கொண்டு வருகிறேன். டிரில் மட்டும் உங்களிடம் இருந்தால் போதும்.

அன்புடன்,
பின்சீட்டில் அம்மாவை உட்கார வைத்து ஓட்டும் ஒருவன்