பூனைக்குக் குரல் வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

பழைய டாம் அண்ட் ஜெர்ரி கார்ட்டூன்களுக்குத் தமிழ் வசனம் சேர்த்து வருவதைப் பாராட்டி, சென்ற ஞாயிறு இணைப்பில் சின்னக் குறிப்பு ஒன்று போட்டிருந்தீர்கள். மும்பையில் வளரும் பிள்ளைகளின் காதில் இப்படியாவது தமிழ் விழட்டும் என்று அதில் எழுதியிருந்தது. அந்த அக்கறை எனக்குப் புரிகிறது. என் மகளும் வீட்டுக்குள்தான் தமிழ் பேசுகிறாள், வாசலைத் தாண்டினால் இந்திதான். ஆனாலும் அந்தக் கார்ட்டூன்களில் வசனம் நுழைப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. அதற்கு என் தம்பிதான் காரணம்.

அவனுக்குப் பிறவியிலேயே காது கேட்காது, பேச்சும் வராது. 1996-ல் எனக்கு 14 வயது, அவனுக்கு 9. தாராவியில் நாங்கள் இருந்த சந்தில் கேபிள் இழுத்திருந்தது ஒரே ஒரு வீட்டில்தான். கார்ட்டூன் நெட்வொர்க் இந்தியாவுக்கு வந்து ஒரு வருஷம் ஆகியிருந்தது. பகலெல்லாம் கார்ட்டூன் ஓடும், ராத்திரியானால் அதே சேனலில் பழைய இங்கிலீஷ் படங்கள். அந்த வீட்டுப் பெரியம்மா யாரையும் விரட்ட மாட்டார். உள்ளே இடம் இல்லாவிட்டால் வாசல்படியில் உட்காருவோம். எங்களைப் போலத் திருநெல்வேலியிலிருந்து வந்த குடும்பத்துப் பிள்ளைகள், மராத்திப் பிள்ளைகள், உத்தரப் பிரதேசத்துப் பிள்ளைகள் என்று ஒரே கூட்டமாக இருக்கும்.

தமிழ்ப் படம் ஓடினால் தம்பி என் பின்னலைப் பிடித்து இழுப்பான். விரல்களைக் குவித்து வாயருகே கொண்டுபோய் விரித்துக் காட்டுவான். ‘என்ன சொன்னான்?’ என்று அர்த்தம். நான் கையாலே விளக்கி முடிப்பதற்குள் மற்றவர்கள் சிரித்து ஓய்ந்திருப்பார்கள். அதற்குப் பிறகு அவன் மட்டும் சிரிப்பான். தன் சத்தம் தனக்கே கேட்காததால் பலமாகச் சிரிப்பான். எல்லோரும் திரும்பிப் பார்ப்பார்கள். கொஞ்ச நாளில் படம் என்றாலே வரமாட்டேன் என்று படுத்துக்கொண்டான்.

பூனையும் எலியும் வந்தபோதுதான் அது மாறியது. டாம் துரத்திக்கொண்டு போய்ச் சுவரில் மோதும். வாணலி முகத்தில் பட்டால் முகமே வாணலி மாதிரி ஆகிவிடும். தம்பி என் பின்னலைத் தொடவே இல்லை. எங்களோடு சேர்ந்து, அதே நொடியில் சிரித்தான். அவன் சிரிப்பு எங்கள் சிரிப்போடு கலந்துபோனதால் யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. வாசலில் உட்கார்ந்திருந்த ஒரு மராத்திப் பையன் சிரித்துக்கொண்டே அவன் தோளில் அடித்தான். அன்று ராத்திரி வீட்டில் அப்பாவுக்கு முழுப் படத்தையும் தம்பிதான் நடித்துக் காட்டினான்.

இது எப்படி நடந்தது என்று பல வருஷம் கழித்துத் தேடிப் படித்தேன். 1940-லிருந்து 1958 வரை எம்ஜிஎம் நிறுவனத்துக்காக வில்லியம் ஹன்னாவும் ஜோசப் பார்பெராவும் சேர்ந்து 114 குறும்படங்கள் எடுத்திருக்கிறார்கள். அவற்றில் ஏழுக்கு ஆஸ்கார் கிடைத்தது. கதையும் சேட்டைகளும் வரைந்தது பெரும்பாலும் பார்பெரா. எந்த அசைவு எத்தனை நேரம் நிற்க வேண்டும் என்று கணக்குப் போட்டது ஹன்னா. சினிமாவில் நொடிக்கு 24 சட்டங்கள், அதாவது தனித்தனிப் படங்கள் (ஃபிரேம்கள்), ஓடும். ஏழு நிமிடப் படம் என்றால் 10,080. டாம் மாடி விளிம்பைத் தாண்டி ஓடிவிடும், ஆனால் உடனே விழாது. அந்தரத்தில் நிற்கும், கீழே பார்க்கும், நம்மைப் பார்க்கும், அப்புறம்தான் விழும். அந்த நிற்கும் நேரம் ரொம்பக் கொஞ்சம்தான். அதில் ஐந்தாறு சட்டம் கூடினாலோ குறைந்தாலோ சிரிப்பு வராது. எங்கள் சந்துப் பிள்ளைகள் அத்தனை பேரும் ஒன்றாகச் சிரித்ததற்கு அந்தக் கணக்குதான் காரணம் என்று நினைக்கிறேன்.

டாமின் அலறலுக்குக் குரல் கொடுத்தவரும் ஹன்னாதான். தம்பி அதைக் கேட்டதே இல்லை. ஆனால் வாயைப் பிளந்து உள்நாக்கு ஆடுவது வரை வரைந்திருப்பார்களே, அது போதும் அவனுக்கு.

டாம் கோட்டு சூட்டு போட்டுக்கொண்டு மேடையில் பியானோ வாசிக்கும் படம் ஒன்று உண்டு. ஆஸ்கார் வாங்கியவற்றில் அதுவும் ஒன்று. பியானோவுக்குள் தூங்கிக்கொண்டிருக்கும் ஜெர்ரியை உள்ளே இருக்கும் சுத்தியல்கள் தட்டித் தட்டி எழுப்பிவிடும். படம் முழுக்க சங்கீதம்தான், பேச்சே கிடையாது. தம்பி எழுந்துபோய் டிவியின் மரப்பெட்டியில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு பார்த்தான். பெரியம்மா ஒன்றும் சொல்லவில்லை. கடைசியில் டாம் களைத்து விழ, கைதட்டலெல்லாம் ஜெர்ரிக்குப் போனபோதுதான் கையை எடுத்தான், தானும் கைதட்டுவதற்காக.

இந்தப் படங்களில் பேச்சு அறவே இல்லை என்று சொல்ல மாட்டேன். வீட்டில் வேலை செய்யும் அம்மா ‘தாமஸ்’ என்று கத்துவார். ஆனால் அவருடைய கால்கள்தான் தெரியும், முகம் அநேகமாகத் தெரியாது. காது கேட்கிற எங்களுக்கும் அவர் கோபத்தைக் கையில் இருந்த துடைப்பம்தான் சொன்னது. கறுப்பினப் பெண்ணான அவரைக் காட்டியிருக்கும் விதம் இன்று பார்த்தால் உறுத்துகிறது. அன்றைய அமெரிக்காவின் நிறவெறி அது, அதை மறைக்க வேண்டியதில்லை.

இனி நடப்புக்கு வருகிறேன். தம்பி இப்போது தோல் பை தைக்கும் பட்டறையில் வேலை செய்கிறான். வயது நாற்பதை நெருங்குகிறது. ஞாயிற்றுக்கிழமை மதியம் எங்கள் வீட்டில்தான் சாப்பாடு. இரண்டு வாரத்துக்கு முன்னால் என் மகளும் பக்கத்து வீட்டுப் பிள்ளைகளும் போனில் இதே கார்ட்டூனைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள், தமிழ் வசனத்தோடு. டாம் சினிமா ஹீரோ மாதிரி பஞ்ச் பேசுகிறது, ஜெர்ரி பதிலுக்குக் கிண்டல் செய்கிறது. ஒரு நொடி சும்மா விடவில்லை. டாம் அந்தரத்தில் நிற்கிற அந்த இடத்திலும் பேச்சு. பிள்ளைகள் அந்தப் பேச்சுக்குத்தான் சிரித்தார்கள்.

தம்பி ஆசையாக அவர்கள் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தான். பூனையின் வாய் மூடியிருக்கிறது, பிள்ளைகள் சிரிக்கிறார்கள். அவனுக்கு ஒன்றும் புரியவில்லை. என்னிடம் வந்து விரல்களைக் குவித்து வாயருகே கொண்டுபோய் விரித்தான். முப்பது வருஷத்தில் இந்தக் கார்ட்டூனுக்காக அவன் அப்படிக் கேட்டது அதுதான் முதல் தடவை. எனக்கு அழுகை வந்துவிட்டது.

பேசுவதற்கென்றே எழுதிய கார்ட்டூன்கள் எத்தனையோ இருக்கின்றன. அவற்றை நல்ல தமிழில் தரட்டும், என் மகளோடு உட்கார்ந்து நானும் பார்ப்பேன். டாம் அண்ட் ஜெர்ரிக்கு வசனம் போட்டே தீருவோம் என்றால், வசனம் இல்லாத அசலையும் பக்கத்திலேயே வைக்கட்டும். நீங்களும் அடுத்த முறை இதைப் பற்றி எழுதும்போது, அசலைப் பாருங்கள் என்று ஒரு வரி சேர்த்துப் போடுங்கள் ஐயா.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
தாராவி, மும்பை - 17